பவுன் உட்காரும் பக்கம்

“அண்ணே, தப்பா நினைக்காதீங்க. அண்ணி போய்ச் சேர்ந்தப்புறமும் வண்டி அந்தப் பக்கமேதான் சாஞ்சு நிக்குது.”

பக்கத்து வீட்டு ரவிசந்திரன் பால் பாக்கெட்டோடு திரும்பி வரும்போது இதைச் சொன்னார். ஆறுதலாக நாலு வார்த்தை பேசலாம் என்றுதான் நின்றார். வாயில் வந்தது இது.

சின்னதுரை வாசலில் நின்ற ஜீப்பைப் பார்த்தார். ராணுவ ஏலத்தில் எடுத்த பழைய வண்டி. இடது பக்கம், அதாவது அவர் மனைவி பவுன் உட்காரும் பக்கம், ஒரு தோளைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றது. பவுனுக்குக் காரியம் முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

அந்தச் சாய்வு மராத்தி ஊரான விஷ்ராந்த்வாடியில் குடியிருந்த தமிழர்களுக்கெல்லாம் தெரிந்த வேடிக்கை. பவுன் நல்ல பருமன். கல்யாணமோ கோயில் விழாவோ, வண்டியை நிறுத்தியதும் சின்னதுரை, சக்கரத்துக்கு மேல் வில்லாக வளைந்து அடுக்கியிருக்கும் இரும்புப் பட்டைகளைக் காட்டுவார். “பார்த்தீங்களா, கமான் பட்டா படுத்துடுச்சு. பவுன்னா கனக்கத்தானே செய்யும்!” என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். பவுன் எல்லோரையும்விட உரக்கச் சிரிப்பாள்.

ஆனால் கடைசி இரண்டு வருடம் அவள் அந்த ஜீப்பில் ஏறவே இல்லை. “முட்டி வலிக்குதுங்க, அவ்ளோ உசரத்துக்குக் காலைத் தூக்க முடியல” என்றாள். அந்த இரண்டு வருடமும் வயிற்று நோய் ஆளை உருக்கியது; ஆஸ்பத்திரிக்குப் போனதுகூட ஆட்டோவில்தான். ஆளந்திக் கோயிலுக்குக் கூட்டிப் போகிறேன் என்று அவர் எத்தனையோ முறை அழைத்தும் வரவில்லை. தெருப் பெண்களோடு பஸ்ஸில் போய்ச் சாமி கும்பிட்டுவிட்டு வந்தாள்.

ரவிசந்திரன் போன பிறகு சின்னதுரைக்கு ஒன்று உறைத்தது. முட்டி வலிக்காரி தினமும் மொட்டை மாடிக்கு ஏறி எப்படித் துணி காயப்போட்டாள்?

அவளை வண்டியிலிருந்து இறக்கிவிட்டது தன் கேலிதானோ? சிரித்துக்கொண்டே உள்ளுக்குள் நொந்துபோனாளோ? இந்தக் கேள்வி வந்ததிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. சாய்வை எடுத்துவிட வேண்டும். நிமிர்ந்த வண்டியில் அவள் படத்தை அவள் இடத்திலேயே வைத்து ஆளந்திக்குக் கொண்டுபோய், அங்கே மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று முடிவு செய்தார். போனவர்களிடம் மன்னிப்புக் கேட்க மனிதனுக்கு வேறு வழி ஏது?

ஏரவாடாவில் ஜீப் வாங்கிய நாளிலிருந்து அதைப் பழுது பார்த்துவந்த பாயின் ஒர்க்‌ஷாப் இருந்தது. அவர் காலமான பிறகு, பவுனை அத்தை என்று அழைக்கும் அவர் மகள் நஸ்ரின்தான் கல்லாவில் உட்கார்ந்து அதை நடத்தி வந்தாள். மெக்கானிக் அருண்ராஜ் ஜீப்பைச் சுற்றி வந்தான்.

“ரெண்டு பக்கமும் கழட்டிப் பார்த்துடலாம் மாமா.”

“வலது பக்கத்தை ஏண்டா கழட்டணும்? அது நான் பூட்டினது. வண்டி வாங்கினப்ப லீவு போட்டு என் கையாலேயே பூட்டினேன். பீரங்கி பூட்டின கைடா இது. படுத்துப் போனது இடது பக்கம். அதை மட்டும் பாரு.”

சின்னதுரை கட்கி ஆயுதத் தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் கையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் யாரும் குறுக்கே பேசுவதில்லை. அருண்ராஜும் இடது பக்கத்துக்கு மட்டும் ஜாக்கி வைத்தான்.

இடது பக்கப் பட்டைகளை உலையில் போட்டு அடித்து நன்றாக வளைத்துக் கொண்டுவந்து பூட்டினார்கள். ஜீப் இப்போது வலது பக்கம் சாய்ந்தது.

“பரவால்லண்ணே, மனுஷன்னா ரெண்டு பக்கமும் சாயத்தான் வேணும்” என்றார் ரவிசந்திரன்.

“யோவ், உள்ள போய் பேப்பர் படியும்.”

ஆளந்தி ரோட்டுக் குழிகளில் இரண்டு நாள் ஓட்டியதும் அடித்து வளைத்த பட்டைகள் தளர்ந்தன. வண்டி மறுபடி இடப்பக்கமே சாய்ந்தது, முன்னைவிட அதிகமாக. போகிற வருகிற ஆட்டோக்காரர்கள், “சாச்சா, டயர் பஞ்சர்!” என்று கத்திவிட்டுப் போனார்கள். ஒருவர்கூட விடாமல் அன்பாகச் சொன்னார்கள். ஒவ்வொருவருக்கும் சின்னதுரை கையைத் தூக்கி நன்றி சொன்னார்.

அடுத்து, இடது பக்கம் அச்சுக்கும் பட்டைக்கும் நடுவில் ஓர் இரும்புக் கட்டையைச் செருகினார்கள். நிற்கும்போது வண்டி நூல் பிடித்தாற்போல நின்றது. சின்னதுரை கன்னத்தில் போட்டுக்கொண்டார். வீட்டுக்குத் திரும்பும் வழியில் ஒரு வளைவில் கட்டை நழுவியது. ஜீப் ஒரு பக்கமாகத் துள்ளிக் காய்கறி வண்டி ஒன்றில் போய் முட்டி நின்றது. ஒருவருக்கும் அடியில்லை. முட்டைக்கோஸ்கள் மட்டும் தெரு முழுக்க உருண்டன.

காய்கறி விற்ற அம்மாள் மராத்தியில் திட்டத் தொடங்கினாள். பிறகு, ஸ்டீரிங்கைப் பிடித்தபடி கண்ணில் நீரோடு உட்கார்ந்திருந்த கிழவரைப் பார்த்தாள். திட்டுவதை நிறுத்தி, “அடி பட்டுச்சா பாபா?” என்று கேட்டுவிட்டுத் தண்ணீர் கொடுத்தாள். சின்னதுரை நசுங்கின கோஸ்களையெல்லாம் வாங்கிக்கொண்டார். அந்த வாரம் ரவிசந்திரன் வீட்டில் தினமும் கோஸ் பொரியல்தான்.

“அண்ணே, அந்த வண்டி நிமிர்றதுக்குள்ள எங்க வயிறு சாஞ்சிடும்போல இருக்கு” என்றார் அவர்.

சின்னதுரை சிரிக்கவில்லை. “ரவி, நிஜமாச் சொல்லு. நான் அவளைக் கேலி பண்ணும்போது அவ முகம் எப்படி இருக்கும்?”

“சிரிச்ச முகமாத்தான்ணே இருக்கும்.”

“அது எல்லாருக்கும் காட்டுற முகம்.”

ரவிசந்திரன் கோஸ் பாத்திரத்தைக் கழுவிக் கொடுத்துவிட்டுப் போனார்.

கடைசி வழி ஒன்றுதான் இருந்தது. இடது பக்கத்துக்கு முழுக்கப் புதுப் பட்டைகள். அருண்ராஜ் சந்தையெல்லாம் அலைந்து பழைய அளவிலேயே வாங்கி வந்து பூட்டினான். ஜாக்கியை மெல்ல இறக்கினான். ஜீப் ஒரு பெருமூச்சு விட்டு அமர்ந்தது. அமர்ந்ததும் இடப்பக்கம் சாய்ந்தது. கல்யாண வீடுகளின் வாசலில் எப்படிச் சாய்ந்து நின்றதோ, அதே சாய்வு.

அருண்ராஜ் குனிந்து புதுப் பட்டைகளைப் பார்த்தான்.

“மாமா,” என்றான் அருண்ராஜ் தயங்கி, “இந்தப் பட்டா மேல இன்னும் யாருமே உட்காரலியே.”

சின்னதுரை மெதுவாக வண்டியைச் சுற்றி வலது பக்கம் வந்தார். இத்தனை நாளும் யாரையும் தொடவிடாத பக்கம். மண்டியிட்டு, அடுக்கிய பட்டைகளின் விளிம்பில் ஒவ்வொன்றாக விரலை ஓட்டினார். எழுந்து போய் இடது பக்கம் ஓட்டினார். திரும்பி வந்து மறுபடி வலது பக்கம் ஓட்டினார். வலது பக்கம் ஒரு பட்டை கூடுதலாக இருந்தது.

இடது பக்கம் ஒருநாளும் படுக்கவில்லை. வலது பக்கம்தான் முதல் நாளிலிருந்தே தூக்கி நின்றிருக்கிறது.

“யாரு மாமா இதைச் சொருகினது?”

“நான்தான்.”

அவர் கிடந்த டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டார். “தப்பு என்னுது. ஊரைக் கூட்டி வச்சு அவ மேல போட்டுட்டேன். அவ மனசு வெறுத்து வண்டியை விட்டே இறங்கிட்டா. சாகுற வரைக்கும் ஏறல. நான் எந்த முகத்தோட ஆளந்திக்குப் போவேன்?” என்று குழந்தையைப் போல அழுதார்.

நஸ்ரின் கல்லாவை விட்டு எழுந்து வந்தாள். தேநீர்க் கிளாஸை அவர் கையில் திணித்து, விரல்களை மூடிப் பிடித்துக்கொண்டாள்.

“மாமா, அந்தப் பட்டா விஷயம் அத்தைக்குத் தெரியும்.”

“என்னது?”

“வண்டி வாங்கின புதுசுல கிரீஸ் அடிக்கும்போதே எங்க வாப்பா பார்த்துட்டாங்க. கழட்டிடறேன்னாங்க. அத்தைதான் விடல. ‘ஃபேக்டரியில அவர் கைக்குன்னு ஒரு பேரு இருக்கு பாய். அவர்கிட்ட சொல்லிடாதீங்க, என்னாலதான் சாயுதுன்னே இருக்கட்டும்’னாங்க.”

சின்னதுரை அவளை நிமிர்ந்து பார்த்தார். “அப்ப என் மேல கோபமில்லன்னா, கடைசியில ஏம்மா ஏறாம இருந்தா?”

“நானும் கேட்டேன் மாமா. ‘உடம்பு இருந்த வரைக்கும் பழியை நான் வாங்கிக்கிட்டேன். இப்பதான் துரும்பாயிட்டேனே! நான் ஏறியும் வண்டி சாஞ்சா, தப்பு தன் கையிலதான்னு அவருக்குத் தெரிஞ்சுபோயிடுமேடி’ன்னாங்க.”