பேரு வச்சேன், மணி அடிக்கலை

அன்னைக்கு எனக்கு ஒரே ஒரு வேலைதான். பேரு வைக்கணும்.

குழந்தைக்கு இல்லங்க, சாஃப்ட்வேருக்கு!

ரெண்டாயிரம் பொறந்த புதுசு. தமிழும் மலையாளமும் கலந்து பேசுற தம்பானூர்ல ஒரு லாட்ஜுக்கு மேல எங்க கம்பெனி. ஆரியசாலை அரிசி மண்டி அண்ணாச்சிக்கு ப்ரோகிராம் எழுதிட்டு இருந்தோம். குடோன்ல லோடு இறங்கினா அங்க இருக்கிற கம்ப்யூட்டர் ஒரு பேரைச் சொல்லி சிக்னல் அனுப்பும். கடை கம்ப்யூட்டர் அந்தப் பேரைக் கேட்டதும் மணி அடிக்கும். அவ்வளவுதான்.

ஆனா சிக்னலுக்கெல்லாம் ஆளாளுக்கு ஒரு பேரு! ஒண்ணு ‘லோடுவந்நு’, இன்னொண்ணு ‘பில்ஃபினிஷ்’, வேற ஒண்ணு வெறும் ‘பிஜு2’. கடைப் பக்கம் எழுதினது கூட வேலை பார்க்கிற பிஜு, குடோன் பக்கம் நான்.

மேனேஜர் சார் கூப்பிட்டாரு. “எல்லாத்துக்கும் ஒரே மாதிரி பேரு இடணும். எது எப்போ போகும்னு எழுதியும் வைக்கணும், கேட்டோ? அண்ணாச்சி சரின்னு சொன்னா உன் வேலை நிரந்தரம்.”

நிரந்தரம்! காதுல தேன் பாஞ்சுது. முதல்ல பொருள், அப்புறம் நடந்தது, ‘லோட்_அரைவ்டு’ மாதிரின்னு விதி போட்டேன்.

பிஜு விடுவானா? “நடந்ததை முதல்ல சொன்னா எந்தா? கமிட்டி கூடட்டே!”

நம்ம ஊர்ல ரெண்டு பேரு சேர்ந்து தும்மினாலே கமிட்டிதான். கூடினோம். கன்வீனர் பிஜு. தின்ன வாங்கின பழம்பொரி தீர்ந்துச்சு, விஷயம் தீரலை. அடுத்த கூட்டத்துக்குத் தள்ளியாச்சு.

எனக்கா பொறுமை? குடோன் பக்கம் இருந்த பேரை எல்லாம் மாத்தி, டாகுமென்ட் எழுதி, ஸ்பைரல் பைண்டிங்கும் போட்டுட்டேன். பெரிய மேதாவி!

ப்ரோகிராமை ஓட்டிக் காட்டுற நாள். அண்ணாச்சி கடையில நானும் சாரும் மணியையே பார்த்துட்டு நிக்கிறோம். குடோன்ல லோடு இறக்கி முடிச்சவங்க நடந்தே கடைக்கு வந்து, டீயும் குடிச்சுட்டுப் போயிட்டாங்க.

மணி? மூச்!

அண்ணாச்சி கேட்டாரு: “என்னம்மா, மணிக்குத் தொண்டை கட்டிக்கிட்டோ?”

பிஜுவுக்கு போன் போட்டேன். “உன் பக்கம் பேரு மாத்தலையா?”

“அதெப்படி மாத்துறது? கமிட்டி இன்னும் தீருமானிச்சில்லல்லோ!”

குடோன் புதுப் பேரைச் சொல்லி கத்துது, கடை பழைய பேருக்குக் காத்துக்கிட்டு இருக்குது. கத்தினா யாருக்குக் கேக்கும்?

அண்ணாச்சி டாகுமென்டை நிதானமாப் புரட்டினாரு. “படிக்க நல்லாத்தான் இருக்கு. மணியும் அடிச்சா இன்னும் நல்லாருக்கும்.”

திரும்பி வர்ற வழியில ஆட்டோவுல மெதுவாக் கேட்டேன். “சார், என் நிரந்தரம்...?”

“அதை ஒரு கமிட்டிக்கு விட்டிருக்கேன்.”

“கன்வீனர் யாரு சார்?”

“பிஜு.”