முன் சீட்டுக்காக மாற்றிய பிரேக்

நடந்தவை இவை, நடந்த வரிசையில்:

1. நைனாவுக்கு வலது முழங்கால் வீங்கியது.
2. அக்காவின் கணவர் சேகர் மாமா புதுக் கார் வாங்கினார்.
3. அந்தக் காரின் பிரேக்கை நைனா தெருவெல்லாம் புகழ்ந்தார்.
4. எங்கள் பழைய காரின் பிரேக்கை நான் வீட்டிலேயே மாற்றி அமைத்தேன்.
5. மாற்றிய பிரேக் மிக நன்றாக வேலை செய்தது.
6. சேகர் மாமாவின் புதுக் கார் ஒரு முழம் குட்டையானது.

ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே ஏதோ விட்டுப்போயிருக்கிறதே என்று நீங்கள் நினைக்கலாம். அன்றைக்குச் சாலையில் கூடிய கூட்டமும் அதையேதான் கேட்டது.

மூன்றுக்கும் நான்குக்கும் நடுவிலும் ஒன்று இருக்கிறது. அதற்கு ஆர்வம், அக்கறை, அப்பா மேல் பாசம் என்றெல்லாம் அழகான பெயர்கள் வைக்கலாம். நான் ஆட்டோமொபைல் டிப்ளமா படித்தவள். எதையும் அதன் சரியான பெயரால் சொல்லிப் பழகியவள். அது பொறாமை.

எங்கள் வீடு திருமுல்லைவாயிலில். நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆவடியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். மாற்றலாகிப் போன ஒரு அதிகாரியிடமிருந்து அவர் வாங்கிய கார் என்னைவிட வயதில் மூத்தது. வட்டமான ஹெட்லைட், தொந்தி போன்ற பானெட், மிதித்தால் மிதித்த காலையே திருப்பித் தள்ளும் பிரேக். ஞாயிற்றுக்கிழமை தோறும் அதில் பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போவோம். போவோம் என்றால் நைனாவும் நானும். அக்காவுக்குக் கார் என்றாலே தலைசுற்றும். அம்மாவுக்கு ஞாயிற்றுக்கிழமை என்றாலே தலைசுற்றும். அதனால் முன் சீட்டு சிறு வயதிலிருந்தே எனக்குத்தான்.

வீட்டில் நைனா பேசவே மாட்டார். ஸ்டியரிங்கைப் பிடித்தால் மட்டும் நிறுத்த மாட்டார். எந்த ஃபோர்மேன் யாரைப் போட்டுக்கொடுத்தான், யார் பெண் யாருடன் ஓடினாள், பெரியப்பாவுக்கும் அவருக்கும் ஏன் பேச்சுவார்த்தை இல்லை, எல்லாம் அந்த முன் சீட்டில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். அம்மாவுக்கே தெரியாத நைனாவை எனக்குத் தெரியும் என்பதில் எனக்கு ரொம்ப நாள் கர்வம்.

அந்தக் கர்வத்தின் மேல்தான் சேகர் மாமா குமணன்சாவடியிலிருந்து தன் புத்தம்புது வெள்ளைக் காரை ஓட்டிக்கொண்டு வந்தார். சீட்டில் பாலிதீன் உறைகூடக் கழற்றவில்லை. “வாங்க மாமா, ஒரு ரவுண்டு போலாம்” என்று நைனாவை முன் சீட்டில் உட்கார வைத்து அழைத்துப் போனார். திரும்பி வந்த நைனாவின் முகத்தில் புது மாப்பிள்ளைக் களை.

“இன்னா பிரேக்குடி அது! சும்மா கால அப்டி வெச்சா போதும், பூனை மாரி நிக்குது. நம்ம வண்டில நிக்கணும்னா நான் பாதி எழுந்து நிக்கணும்.”

“பூஸ்டர் இருக்கும் நைனா. பெரிய விஷயமில்லை” என்றேன்.

“பெரிய விசயமில்லாமலா மாப்ள வாங்கிகினு வந்துக்கீறாரு?”

அடுத்த இரண்டு ஞாயிறும் நைனா மாமாவின் காரில் மார்க்கெட்டுக்குப் போனார். நான் வீட்டில் வெங்காயம் உரித்தேன். (கண்ணீருக்கு நல்ல சாக்கு.) சிரித்துக்கொண்டே இறங்கிய மாமா என்னிடம், “உங்க பெரியப்பா மேட்டர் தெரியுமா வசந்தி? செம காமெடி” என்றார். பெரியப்பா மேட்டர்! அது என்னுடைய மேட்டர். அன்றைக்கு வைத்த மீன் குழம்பில் உப்பு இருந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அதற்குப் பிறகு வந்ததுதான் இடி. முழங்காலைப் பார்த்த டாக்டர் அழுத்தி எதையும் மிதிக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். மாமாவின் நண்பர் ஒருவர், கல்யாண ஊர்வலத்துக்கு வாடகைக்கு விடப் பழைய கார் தேடிக்கொண்டிருக்கிறாராம். “அவருக்கே குட்துடலாம் மாமா. நீங்க இன்னாத்துக்குக் கஷ்டப்படணும், நான் இல்ல?” என்றார் சேகர் மாமா. யாரோ வாங்கித் தந்த சோடாவை மறுக்காமல் குடிப்பவர்போல் நைனா தலையாட்டினார்.

நான் நடுவே புகுந்தேன். “பிரேக்குதான பிரச்சினை? நான் நம்ம வண்டிக்குப் பூஸ்டர் போட்டுத் தரேன். கால் வலிச்சா வித்துடு.”

நைனா என்னையும் காரையும் மாறி மாறிப் பார்த்தார். “சரி. ஒரு தபா பூந்தமல்லி வரைக்கும் ஓட்டிப் பாக்கறேன். கால் நோவலன்னா வண்டி இங்கியே கெடக்கட்டும்.”

பூஸ்டர் என்பது இட்லிப் பானை அளவுள்ள ஒரு தகர டப்பா. உள்ளே குறுக்கே ஒரு ரப்பர் தடுப்பு. இன்ஜின் ஓடும்போது காற்றை உறிஞ்சும் அல்லவா, அந்த இடத்திலிருந்து ஒரு குழாய் இந்த டப்பாவுக்கு வரும். டப்பாவுக்குள் இருக்கும் காற்றை இன்ஜின் உறிஞ்சி வைத்திருக்கும். நாம் பிரேக்கை மிதித்ததும் வெளிக்காற்று ஒரு பக்கமாக உள்ளே புகுந்து ரப்பரைத் தள்ளும். நம் காலுக்கு இன்னொரு கால் கிடைத்த மாதிரி. அவ்வளவுதான். இதை நான் வீட்டில் எல்லாருக்கும், பால்காரருக்கும்கூட, விளக்கினேன்.

புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் தேடி ஒரு டப்பா பிடித்தேன். கொல்லைப்பக்கக் கூரையின்கீழ் காரை நிறுத்தி, இரும்புத் தகட்டை வெட்டி, அதைத் தாங்க ஒரு பிராக்கெட் செய்தேன். பிரேக் குழாய்களை வளைத்துப் புது வழியில் விட்டேன். எது முன்னே, எது பின்னே என்று ஒவ்வொரு வேலைக்கும் வரிசை போட்டு, முடித்ததை டிக் அடித்தேன். உறிஞ்சு குழாய், ஒருவழி வால்வு, கிளிப்பு, எல்லாவற்றுக்கும் டிக். என் நகத்துக்குள் ஏறிய கிரீஸ் அலுவலகத்தில் தயிர்சாதம் சாப்பிடும்போதெல்லாம் என்னோடு சேர்ந்து சாப்பிட்டது.

கடைசியில், குழாய்க்குள் நிற்கும் காற்றை வெளியேற்ற வேண்டும். ஒருவர் பிரேக்கை மிதித்துப் பிடிக்க, இன்னொருவர் சக்கரத்துக்குப் பின்னால் படுத்து ஒரு சின்ன திருகைத் திறந்து மூட வேண்டும். மிதிக்க அம்மா வந்தாள்.

“அமுக்கும்மா.”

“அமுக்கிட்டேன்.”

“அப்படியே பிடி. விடாத.”

“எது வரைக்கும்?”

“நான் சொல்ற வரைக்கும்.”

குக்கர் விசில் அடித்தது. அம்மா எழுந்து போய்விட்டாள். வெளியேறிய காற்று மொத்தமும் மரியாதையாக உள்ளே திரும்பி வந்தது. சக்கரத்தடியிலிருந்து நான் கத்தினேன்.

“அதுக்காக அரிசி கொழைய வுட்டுடட்டுமாடி? சோறு முக்கியமா, உன் டப்பா முக்கியமா?” என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

முழங்காலில் எண்ணெய்த் துணியைச் சுற்றிக்கொண்டு நைனா பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். “மாப்ள வண்டிக்குக் கம்பெனிலயே போட்டுக் குட்துட்டாங்க” என்றார், யாரிடம் என்றில்லாமல். நான் திருகை அளவுக்கு மேல் முறுக்கினேன்.

எல்லாம் முடிந்ததும் சோதனை. இன்ஜினை அணைத்துவிட்டுச் சில தடவை மிதிக்க வேண்டும். டப்பாவில் சேர்ந்திருந்த உறிஞ்சல் தீர்ந்து பெடல் கல்லாகிவிடும். காலை எடுக்காமல் இன்ஜினைக் கிளப்பினால் பெடல் மெதுவாகக் கீழே இறங்க வேண்டும். செய்தேன். கல்லானது. கிளப்பினேன். வெண்ணெயில் கத்தி இறங்குவதுபோல் இறங்கியது! நான் காருக்குள்ளேயே கை தட்டினேன். டிக்.

ஞாயிறு வந்தது. சேகர் மாமா முன்னால் தன் காரில் கிளம்பினார். அவர் பக்கத்தில் அக்கா, பின் சீட்டில் பழைய காரை வாங்க வந்த நண்பர். “கால் நோவுச்சுன்னா அங்கியே பேசி முட்சிக்கலாம் மாமா” என்றார் சேகர் மாமா, ஒரு விரலால் சாவியைச் சுழற்றிக்கொண்டே. நானும் நைனாவும் பின்னால். முன் சீட்டில் நான்.

ஆவடி தாண்டும்வரை நைனா பேசவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் பிரேக்கைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். பிறகு மெல்ல, “நோவே இல்லமா” என்றார். இன்னும் கொஞ்ச தூரம் போய், “மாப்ள வண்டிய வுட இது சாஃப்ட்டா கீது” என்றார். நான் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன், சிரிப்பை மறைக்க. பெரியப்பா வீட்டில் நடந்த புதுச் சண்டை ஒன்றை அவர் ஆரம்பித்தபோது ஏரிக்கரை மேட்டில் ஏறி உச்சிக்கு வந்திருந்தோம்.

அங்கே நைனா, என்றைக்கும் செய்வதை, எந்தச் சரிவிலும் தவறாமல் செய்வதைச் செய்தார். கியரை நியூட்ரலில் தள்ளி இன்ஜினை அணைத்தார்.

“ஏறத்தான் பெட்ரோலு, எறங்கறதுக்கு இன்னாத்துக்கு?” என்பது அவர் கொள்கை. எங்கள் பக்கத்தில் ஸ்கூட்டர் முதல் லாரி வரை எல்லாருடைய கொள்கையும் அதுதான். அந்தச் சத்தமில்லாத இறக்கத்தில்தான் நான் வளர்ந்தேன். கண் சிமிட்டுவதை யாராவது வேலையாக எண்ணி வரிசையில் எழுதுவார்களா? நைனா இன்ஜினை அணைப்பதை நானும் எழுதவில்லை.

கீழே எருமைகள் சாலையைக் கடந்தன. சேகர் மாமாவின் கார் பூனை மாதிரி நின்றது.

நைனா பழைய வழக்கப்படி பிரேக்கை விட்டு விட்டு மிதித்தார். அந்தக் காலத்து பிரேக்கை அப்படித்தான் எழுப்ப வேண்டும். டப்பாவில் இருந்த கொஞ்ச உறிஞ்சலும் அதோடு தீர்ந்தது. பெடல் கல்லானது.

“இன்னாடி இது? கருங்கல்லு மாரி கீது!”

எனக்குக் காரணம் உடனே புரிந்தது. அதுதான் கொடுமை. “நைனா, சாவி! சாவி!” என்று அலறினேன். சாவியைத் திருப்பி இன்ஜினைக் கிளப்பச் சொன்னேன். பதற்றத்தில் நைனா சாவியை உருவி என் கையில் கொடுத்தார்.

முன்னால் போன காரின் பின் கண்ணாடி வழியே மாமாவின் நண்பர் எங்கள் வண்டி ஓடும் அழகைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்திருந்தார். அவர் கண்ணில் நாங்கள் பெரிதாகிக்கொண்டே போனோம். அவர் வாய் மெல்லத் திறந்தது. நான் கைபிரேக்கை இரண்டு கையாலும் இழுத்தேன். பின் சக்கரங்கள் கிறீச்சிட்டன. வேகம் குறைந்தது, போதுமான அளவுக்கு இல்லை.

யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எங்கள் காரின் பம்பர் அந்தக் காலத்து இரும்பு, அதற்கும் ஒன்றுமில்லை. மாமாவின் டிக்கி மட்டும் அப்பளம்.

சேகர் மாமா இறங்கி வந்தார். டிக்கியைப் பார்த்தார். நைனாவைப் பார்த்தார். பிறகு என் கையில் இருந்த சாவியைப் பார்த்தார். “இன்னா வசந்தி, என் வண்டி மேல அவ்ளோ கோவமா?”

கூட்டம் சேர்ந்துவிட்டது. நான் நிதானமாக, வகுப்பில் பாடம் நடத்துவதுபோல் சொன்னேன். “பிரேக்கில் குறையே இல்லை. இன்ஜின் ஓடினால்தான் உறிஞ்சல் உண்டாகும். உறிஞ்சல் இருந்தால்தான்…”

“அப்ப இன்ஜின் ஓட்னாதான் பிரேக்கா?” என்றார் எருமை ஓட்டி வந்தவர். “நல்லாக்கீதே இது! என் எருமைக்கு அதுகூட வாணாம்.”

அக்கா தலையைப் பிடித்துக்கொண்டு, “சின்ன வயசுல என் பாவாடைய வெட்டினா. இப்ப இவர் டிக்கி” என்றாள். மாமாவின் நண்பர் கழுத்தைத் தடவிக்கொண்டே, “எனக்கு வண்டி வாணாம் சேகரு. ஊர்வலத்துல வண்டிக்கு முன்னாடி ஜனங்க நடந்து போவாங்கப்பா” என்று சொல்லி, வந்த பஸ்ஸில் ஏறிப் போய்விட்டார்.

வாங்க ஆள் இல்லை என்றதும் நைனா முழங்காலை நீட்டி மடக்கினார். “ஆனா கால் நோவல மாப்ள. அத்த நான் சொல்லித்தான் ஆவணும்” என்றார். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவதில் அவர் கெட்டி. அந்த ஒரு நிமிடம், நசுங்கிய டிக்கிக்கு எதிரே, நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மாமாவின் கார் பட்டறைக்குப் போனது. அது வரும்வரை மார்க்கெட்டுக்கு அவரும் எங்கள் காரில்தான் வர வேண்டும். முதல் ஞாயிறே நான் கதவைத் திறக்கும்போது நைனா தடுத்தார். “நீ பின்னால ஒக்காரு கண்ணு. பழக்க தோசத்துல நான் வண்டிய அணைக்கப் போனா மாப்ள கையப் புட்ச்சிப்பாரு. நீ பாடம் எடுத்துகினு இருப்ப.” பட்டறையிலிருந்து கார் வந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை. மாமாவும் மார்க்கெட்டுக்குத் தன் காரை எடுக்க அவசரப்படவில்லை.

வீட்டில் இன்றைக்கும் யாராவது ஃபேன், டிவி, கிரைண்டர் எதை நிறுத்தினாலும் சேகர் மாமா, “அணைக்காதீங்க அத்தை, அப்புறம் நிக்காது!” என்று கத்துவார். அம்மா ஒவ்வொரு தடவையும் புதிதாகக் கேட்பதுபோல் சிரிப்பாள்.

கார் எங்களிடமே இருக்கிறது. பூஸ்டர் ஒரு குறையும் இல்லாமல் வேலை செய்கிறது. நைனாவின் முழங்கால் பரவாயில்லை. முன் சீட்டில் சேகர் மாமா உட்காருகிறார். நான் பின் சீட்டில், காய்கறிப் பைகளோடு. இன்ஜின் சத்தத்தில் அவர்கள் பேசுவது எனக்குச் சரியாகக் கேட்பதில்லை.