உட்கார்ந்த இடத்திலேயே ஆடும் பன்னிரண்டாமவர்

கால்பந்து அணியில் பதினொரு பேர்தான் ஆடுகிறார்கள் என்று யாராவது உங்களிடம் சொன்னால் நம்பாதீர்கள். அது விதிமுறை எழுதியவர்களின் அறியாமை. ஒவ்வொரு தேசிய அணியிலும் பன்னிரண்டாவதாக ஒருவர் உண்டு. அவருக்குச் சம்பளம் கிடையாது, முதுகில் எண் கிடையாது, மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்குவார். ஆனாலும் அணியின் வெற்றியும் தோல்வியும் அவரிடம்தான் இருக்கின்றன; இன்னும் சரியாகச் சொன்னால், அவர் வீட்டு வரவேற்பறையில் யார் எங்கே உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதில் இருக்கின்றன.

இந்த இனத்தை அடையாளம் காண்பது சுலபம். அணி ஜெயித்த மறுநாள் "நாம ஜெயிச்சுட்டோம்" என்பார். தோற்ற மறுநாள் "அவனுங்க தோத்துட்டானுங்க" என்பார். தொலைக்காட்சிப் பெட்டியைப் பார்த்து, "டேய், பின்னாடி ஆள் வர்றான்டா!" என்று கத்துவார். கடல் கடந்து ஓடிக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளை திரும்பிப் பார்க்காவிட்டால், திமிர் என்பார்.

இந்த இனத்தில் நாம் இங்கே பார்க்கப்போகிறவர் ஒரு குடிநீர் வழங்கல் அலுவலகத்தின் மேற்பார்வையாளர். எந்தத் தெருவுக்கு எப்போது தண்ணீர் திறப்பது, எந்தக் குழாய் எங்கே உடைந்தது என்பதெல்லாம் அவர் பொறுப்பு. 'பன்னிரண்டாமவர்' என்று அலுவலகத்தில் கேலியாகத்தான் பெயர் வைத்தார்கள். அவர் அதைப் பட்டமாக ஏற்றுக்கொண்டார்.

இந்த முறை உலகப் போட்டியில் அணி முதல் ஆட்டத்திலேயே தோற்றது. மறுநாள் காலை அலுவலகத் தொலைபேசி அலறியது.

"சார், எங்க தெருவுக்கு மூணு நாளா தண்ணி வரலை."

"தண்ணி வரலைன்னு மட்டும் சொல்றீங்களே, நேத்து நம்ம முன்வரிசைக்கு ஒரு பந்தாவது வந்துச்சா? அதை யாராச்சும் கேட்டீங்களா?"

அந்தப் பக்கம் இருந்தவரும் அதே இனம் போலும். தண்ணீரை மறந்துவிட்டார். இரண்டு பேரும் சேர்ந்து கோல்கீப்பரை மாற்றி, நடுக்களத்தைக் கலைத்து, கோச்சை வீட்டுக்கு அனுப்பிவிட்டுத்தான் தொலைபேசியை வைத்தார்கள். தெரு மட்டும் காய்ந்தே கிடந்தது.

ஆனால் கோச்சைத் திட்டுவது ஊர் வாயை நிரப்பத்தான். உண்மைக் காரணம் என்னவென்று பன்னிரண்டாமவருக்குத் தெரியும். நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, யாரும் எதிர்பாராத நாளில், அணி ஒரு பெரிய ஆட்டத்தை ஜெயித்தது. அன்று சோபாவின் இடது ஓரத்தில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். வாசற்கதவில் சாய்ந்து மச்சினன் நின்றிருந்தான். சாய்வு நாற்காலியில் மாமனார் தூங்கிக்கொண்டிருந்தார். நடுவில், தொலைக்காட்சிக்கு நேர் எதிரே, முக்காலியில் அவர். அணி எப்படி ஆடியது என்பதெல்லாம் இரண்டாம் பட்சம். வீடு எப்படி உட்கார்ந்தது என்பதுதான் விஷயம். அன்றிலிருந்து அதுவே சட்டம்.

சட்டம் என்றால் சாதாரணச் சட்டமா? ஏற்கெனவே மடித்த துணியைப் பிரித்து மறுபடி மடிக்கச் சொல்லி மனைவியிடம் கொடுப்பார். "அத்தான், கால் கடுக்குது, உட்காரட்டுமா?" என்று மச்சினன் கேட்டால், "நாட்டுக்காக ஒன்றரை மணி நேரம் நிக்க முடியாதாடா உனக்கு?" என்பார். மாமனாரைக் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "மாமா, தூக்கம் வந்துடுச்சா?" என்று தட்டி எழுப்பிக் கேட்பார்.

இரண்டாவது ஆட்டத்தில் எல்லோரும் அவரவர் இடத்தில். ஆட்டம் முடிய இன்னும் கொஞ்ச நேரம்தான். கோல் இல்லாமல் சமமாக இருந்தது. அடுப்பில் பால் பொங்கியது. மனைவி எழுந்து ஓடினாள். அவள் அடுப்பை அணைக்கவும் எதிரணி கோல் அடிக்கவும் சரியாக இருந்தது.

வீட்டில் மட்டும் சொல்லியிருந்தால் வீட்டோடு போயிருக்கும். மனுஷன் அதை அலுவலகத்தில் போய்ச் சொன்னார். "எல்லாம் சரியாத்தான்யா போச்சு. எங்க வீட்டுக்காரி எழுந்துட்டா." சொன்ன வாய் ஒன்று, கேட்ட காது இருபது. மூன்றாவது ஆட்டத்துக்கு முதல் நாள் அலுவலக வரவேற்பில் உட்காரும் பெண் மனைவிக்கே தொலைபேசி செய்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நாளைக்கு மட்டும் பாலைக் காய்ச்சாம இருங்களேன். ஆபீஸ்ல எல்லாரும் சொல்லச் சொன்னாங்க."

மனைவி தொலைபேசியை வைத்துவிட்டுக் கணவரைப் பார்த்தாள். அந்தப் பார்வையை எதிரணித் தற்காப்பு வரிசை பார்த்திருந்தால் வழி விட்டிருக்கும்.

"நாளைக்கு நான் அசையமாட்டேன். கூரையே இடிஞ்சு விழுந்தாலும் அசையமாட்டேன். அதுக்கப்புறமும் தோத்தா, என்மேல பழி இல்லைன்னு நீங்களே உங்க ஆபீசுக்குச் சொல்லணும். சொல்வீங்களா?"

"நீ அசையலைன்னா நாம ஏன் தோக்கப்போறோம்?"

"சொல்வீங்களா, மாட்டீங்களா?"

"சொல்றேன்."

ஆக, மூன்றாவது ஆட்டத்தில் அணி ஜெயித்தால்தான் அடுத்த சுற்று. சமமானால்கூட மூட்டை கட்ட வேண்டியதுதான். தோற்றாலோ, ஊரெல்லாம் பழி சுமந்த மனைவிக்கு நியாயம். அந்த வீட்டில் இரண்டு அணிகள் ஆடின என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

மாலையில் ஆட்டம் தொடங்கியது. மனைவி இடது ஓரத்தில் பிடித்து வைத்த சிலையாக உட்கார்ந்தாள். இடைவேளைக்கு முன்பே எதிரணி ஒரு கோல் போட்டுவிட்டது. பன்னிரண்டாமவர் சட்டென்று திரும்பிச் சோபாவைப் பார்த்தார். அவள் இமைகூட அசைக்கவில்லை. மச்சினனைப் பார்த்தார்.

"நான் அசையலை அத்தான். மூச்சைக்கூடப் பாதிதான் விடுறேன்."

இடைவேளைக்குப் பின் அவருடைய கைப்பேசி அடித்தது. பெரிய குழாய் ஒன்று உடைந்து சாலையில் வெள்ளமாம். உள்ளே சத்தத்தில் கேட்கவில்லை என்று படிக்கட்டுக்குப் போனார். "வால்வை மூடுய்யா, அதுக்கும் நான் வரணுமா?" என்று அவர் கத்திக்கொண்டிருந்தபோது கட்டடம் அதிர்ந்தது. கோல்! நம்முடைய கோல்! ஓடி வந்து முக்காலியில் விழுந்தார். பந்து தடுமாறியது, ஆட்டம் சோர்ந்தது. மறுபடி கைப்பேசி. மறுபடி படிக்கட்டு. மறுபடி கட்டடம் அதிர்ந்தது. இரண்டாவது கோல்! "நாம ஜெயிக்கிறோம்!" என்று உள்ளே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். முக்காலி முழுதாகச் சூடேறவில்லை, எதிரணி சமன் செய்துவிட்டது.

அறையில் இருந்த மூன்று பேரும் தொலைக்காட்சியைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள்.

"என்னங்க," என்றாள் மனைவி. குரல் தேனாக இருந்தது. "நீங்க கொஞ்சம் வெளிய போங்க."

"எதுக்கு?"

"நீங்க வெளிய இருந்தப்ப ரெண்டு கோல் நாம போட்டோம். உள்ள இருந்தப்ப ரெண்டு கோல் அவங்க போட்டாங்க."

"அது... அது ஏதோ தற்செயலா நடந்தது!"

நான்கு ஆண்டுகளில் அந்த வீட்டில் முதல்முறையாக அந்தச் சொல் ஒலித்தது.

"ஓகோ. நான் பால் இறக்கப் போனது சாபம். நீங்க போன் பேசப் போனது தற்செயலா?"

"மாமா, நீங்களே சொல்லுங்க" என்று அவர் சாய்வு நாற்காலியின் பக்கம் திரும்பினார். பிறகுதான் உறைத்தது. "நீங்க தூங்கலையா?"

"நான் எப்போ மாப்பிள்ளை தூங்கினேன்?" என்றார் மாமனார். "நாலு வருஷத்துக்கு முன்னாடியும் தூங்கலை. கண்ணைத் திறந்தா நீங்க நடுக்களத்தைப் பத்தி விளக்குவீங்களேன்னு மூடியே வெச்சிருந்தேன்."

சட்டத்தின் ஒரு தூண் அப்போதே சாய்ந்தது. ஆனால் விவாதிக்க நேரமில்லை, ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது. "அத்தான், நாட்டுக்காக" என்று சொல்லி மச்சினன் கதவைத் திறந்து பிடித்தான். அந்தக் கதவில் இத்தனை நாள் சாய்ந்து நின்றதன் பலனை அன்று அனுபவித்தான்.

இங்கே நம் ஆளுக்கு ஒரு கும்பிடு போடத்தான் வேண்டும். படிக்கட்டில் நின்றிருக்கலாம், நிற்கவில்லை. பாதி உள்ளே இருப்பதாகக் கணக்காகிவிடுமோ என்று கீழே இறங்கினார். வாசலில் நின்றால் போதுமா என்று சந்தேகம். சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போனார். எந்தச் சன்னலிலும் தொலைக்காட்சித் திரை தெரியாதபடி சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றார். தெருவில் ஒரு மனிதர் இல்லை. எல்லா வீடுகளிலும் ஒரே ஆட்டத்தின் இரைச்சல். ஏறியது, இறங்கியது, மறுபடி ஏறியது. அப்புறம் தெரு முழுவதும் ஒரே நெஞ்சிலிருந்து கிளம்பியதுபோல "அய்யோ" என்றது.

தோற்றுவிட்டோம். போட்டியிலிருந்தே வெளியேறிவிட்டோம். ஒரு வெற்றிகூட இல்லாமல்.

அவர் கண்கள் கலங்கின. பிறகு, சுவரைப் பார்த்தபடியே, மெல்ல ஓர் எண்ணம் வந்தது. கோல் விழுந்தபோது நான் எங்கே இருந்தேன்? வெளியே! சாலைக்கு அந்தப் பக்கம்! அப்படியென்றால் என்னால் தோற்கவில்லை!

அந்த மனிதர் படிகளை ஒரே மூச்சில் ஏறியதை அந்தக் கட்டடம் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. கதவைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். முகமெல்லாம் பல்.

"நான் இல்லை! பாத்தீங்களா? நான் உள்ளயே இல்லை! ஆனாலும் தோத்துட்டோம்!"

மச்சினன் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தான். மாமனார் நிஜமாகவே கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். இடது ஓரத்தில், மடித்த துணிகளுக்கு நடுவே, மனைவி அசையாமல் இருந்தாள்.

"தோத்தது நம்ம டீம்ங்க" என்றாள்.

அவர் அவசரமாக முகத்தைச் சோகமாக்கினார்.

"சரி, நீங்க வெளிய இருந்தும் தோத்தாச்சு. அப்போ உங்களுக்கும் கோலுக்கும் சம்பந்தம் இல்லை. அப்படித்தானே?"

"ஆமா. கொஞ்சமும் இல்லை."

"எனக்கும் பாலுக்கும்?"

பன்னிரண்டாமவர் மனதுக்குள் கணக்குப் போட்டார். சம்பந்தம் உண்டு என்றால், உள்ளே இருந்தபோது வாங்கிய கோல்களெல்லாம் அவர் தலையில் விழும். இல்லை என்றால், நான்கு ஆண்டுச் சட்டம் செத்துப்போகும். அணியின் எந்தத் தடுப்பாட்டக்காரரும் இந்தப் போட்டியில் அவ்வளவு நெருக்கடியில் நிற்கவில்லை.

மனைவி தன் கைப்பேசியை நீட்டினாள். வரவேற்புப் பெண்ணின் எண் ஏற்கெனவே அழுத்தப்பட்டிருந்தது.

"அது வந்தும்மா... இன்னைக்கு எங்க வீட்ல எழுந்திருக்கவே இல்லை. ஆமா. அன்னைக்குப் பால் விஷயமும்... அதுல ஒண்ணும் இல்லைம்மா. ஆபீஸ்ல எல்லார்கிட்டயும் சொல்லிடு." குரலில் பழைய தெம்பு திரும்பியது. "தப்பு பூரா அந்தக் கோச் மேலதான்!"

மனைவி எழுந்து, அன்றைக்கு முதல்முறையாக, சோம்பல் முறித்தாள்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கலாம். எங்கள் வீட்டில் இப்படியெல்லாம் கிடையாது, நாங்கள் படித்தவர்கள், ஆட்டத்தை ஆட்டமாகப் பார்ப்பவர்கள் என்று சொல்லலாம். நம்புகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன், யாரிடமும் சொல்லமாட்டேன். கடைசி ஆட்டத்தில் கோல் விழுந்ததும், பக்கத்தில் இருப்பவர்கள் பார்க்காத நேரமாகப் பார்த்து, காலை மாற்றிப் போட்டீர்களே, எதற்கு?