ஆறுமணி நானாவும் சிவப்புக் கோடும்

புத்தளத்துக்கும் கற்பிட்டிக்கும் இடையில் வாகனம் ஓட்டுகிறவர்களில், ரோட்டைப் பார்க்காமலே ஓட்டி ஒரு கோழியைக்கூட அடிக்காத மனிதர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் ஆறுமணி நானா. வலது பக்கம் கொக்கைப் பார்ப்பார், இடது பக்கம் ஆலாவைப் பார்ப்பார், கண்ணாடிக்கு மேலால் தலையை நீட்டிப் பருந்தைப் பார்ப்பார். ரோட்டை மட்டும் பார்க்கமாட்டார். அந்த வேனில் ஐந்து வருடம் போய்வந்த நான் இன்று உயிரோடிருந்து இதை எழுதுகிறேன் என்றால், அது முழுக்க அல்லாஹ்வின் கிருபை.

கண்டக்குழிப் பக்கத்துப் பாடசாலை ஒன்றில் நான் கணிதம் படிப்பித்தேன். புத்தளத்திலிருந்து நாங்கள் ஆறு ஆசிரியர்கள் சேர்ந்து மாதக் கூலிக்கு ஒரு வேன் பிடித்திருந்தோம். அதன் சாரதிதான் நானா. சொந்தப் பெயர் என்னவென்று எனக்கு இன்றுவரை தெரியாது. ஆறுமணிக் குருவி என்று ஒரு குருவி இருக்கிறதே, மாரி தொடங்க எங்கிருந்தோ வந்து, விடியலிலும் பொழுதுபடுகிற மைமலிலும் மரத்தடியில் நின்று கத்துமே, அதன் பெயர்தான் இவருக்கும் ஒட்டிக்கொண்டது. காரணம், நானா வீட்டில் மணிக்கூடு கிடையாது. அவருடைய வீட்டுக்குப் பின்னால் ஒரு மாமரம். மாரி முழுக்க, அதன் கீழே குருவி கத்தினால் வேனை ஸ்டார்ட் பண்ணுவார். கத்தாவிட்டால் பண்ணமாட்டார்.

"ஒரு மணிக்கூடு வாங்கினா என்ன நானா?" என்று கேட்டேன்.

"மணிக்கூடு பெட்டரி முடிஞ்சா நிண்டுரும் டீச்சர். குருவிக்கு ஏது பெட்டரி?"

நவம்பரில் இந்த ஏற்பாடு ஒழுங்காகத்தான் ஓடியது. ஆனால் ஜனவரியில் சூரியன் சுணங்கி எழும்பும். குருவி சூரியனைப் பார்த்து எழும்பும். நானா குருவியைப் பார்த்து எழும்புவார். கடைசியில் அதிபர் எங்களைப் பார்த்து எழும்புவார், கையில் சிவப்புப் பேனையோடு. ஏழரை அடித்த அந்த நொடியில் வரவுப் புத்தகத்தில் அடிமட்டம் வைத்து ஒரு சிவப்புக் கோடு கீறிவிடுவார். பிந்தி வருகிறவர்கள் கோட்டுக்குக் கீழே கையெழுத்து வைத்து, பக்கத்தில் காரணமும் எழுத வேண்டும். நான் 'வாகனக் கோளாறு' என்று எழுதி எழுதியே என் கையெழுத்து அழகாகிவிட்டது.

இந்தக் கணக்கைக் கடுதாசியில் போட்டு நானாவுக்கு விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "குருவி பிழை விடாது டீச்சர். உங்கட மணிக்கூடுதான் முந்தி ஓடுது."

சரி, வெளிக்கிடத்தான் பிந்தியது, போகிற வழியிலாவது நேரத்தைப் பிடிக்கலாமென்றால், பாலாவியில் உப்பளம் வரும். மாரிகாலத்தில் அந்தப் பாத்திகள் முழுக்க வெளிநாட்டுப் பறவைகள். நானாவின் கால் தானாகவே பிரேக்குக்குப் போய்விடும். வேனின் கண்ணாடியில் குர்ஆன் வசனம் எழுதிய அட்டைக்குப் பக்கத்தில் ஒரு தூரக்கண்ணாடி தொங்கும். கண்டக்குழி லொட்ஜில் தங்கிய வெள்ளைக்காரர் ஒருவர் உடைந்துபோனதென்று விட்டுப்போனது. ஒரு பக்கம் மட்டும்தான் தெரியும். நானா மற்றக் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, ஒரு கையால் அதைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் வேனைத் திருப்புவார். பின்சீற்றில் ஹிதாயா டீச்சர் கலிமாவைச் சொல்லத் தொடங்குவார்.

ஒருநாள் நுரைச்சோலைக்குக் கிட்ட ஒரு பொலிஸ்காரர் கையைக் காட்டி மறித்தார். "மொனவத பலன்னே?" என்று சிங்களத்தில் அதட்டினார், என்ன பார்க்கிறாய் என்று. நானா பயப்படவே இல்லை. "குருல்லோ, சேர்", குருவிகள் என்று சொல்லி, பொலிஸ்காரரின் கழுத்திலேயே தூரக்கண்ணாடியை மாட்டிவிட்டார். அந்த மனிதர் ஒற்றைக் கண்ணால் ஒரு கூழைக்கடாவைப் பார்த்தார். பிறகு இன்னொன்றைப் பார்த்தார். பதினைந்து நிமிடம் கழித்து, எதற்காக மறித்தாரென்பது அவருக்கும் மறந்துபோய், எங்களை அனுப்பிவைத்தார். அன்றைக்கும் சிவப்புக் கோடுதான்.

நானாவுக்குப் புத்தகத்தில் உள்ள பெயர்கள் தெரியாது. எங்கள் வேனில் விஞ்ஞானம் படிப்பிக்கிற சயன்ஸ் சேர் ஒருவர் முன்சீற்றில் இருந்தார். அவருக்கும் தெரியாது, ஆனால் தெரியாதென்று சொல்லமாட்டார். "அது ஒரு வகை நீர்ப்பறவை" என்பார். இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு நானா தானே பெயர் வைக்கத் தொடங்கினார். சிவப்பு நிறத்தில் குச்சிக் கால்களோடு தண்ணீரைத் தொடப் பயந்து நடக்கிற ஒன்றுக்கு 'சயன்ஸ் சேர்' என்றே வைத்தார். சட்டத்தரணி கறுப்புக் கோட்டை விரித்ததுபோல் செட்டையைக் காயப்போட்டபடி நிற்கிற நீர்க்காகத்துக்கு 'லோயர்'. இதெல்லாம் எனக்குப் பெரிய பகிடியாக இருந்தது, ஒரு ஒக்டோபர் காலை வரைக்கும்.

அன்று பாலாவியில் வேகத்தைக் குறைத்து, "அந்தா, மணிக்கூட்டு டீச்சர் வந்திட்டாங்க!" என்று சந்தோசமாகக் கத்தினார்.

யாரோ புது டீச்சரென்று எட்டிப் பார்த்தேன். வரம்பில் ஒரு சின்ன உள்ளான் குருவி. ஒரு நொடி சும்மா நிற்கவில்லை. நாலு எட்டு ஓடும், நின்று வாலைப் படபடவென்று ஆட்டும், திரும்பவும் ஓடும். பின்னால் ஹிதாயா டீச்சர் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறார்.

"யாரு நானா அந்த மணிக்கூட்டு டீச்சர்?"

நானா மெதுவாகத் தலையைச் சொறிந்தார். "இல்ல டீச்சர், நீங்களும் மணியப் பாக்குறதும் அசையிறதுமாத்தானே வாரீங்க. ஒரு எடத்துல ஒழுங்கா ஈக்கிறல்லயே."

நான் பாலாவியிலிருந்து பாடசாலை வரைக்கும் அவரோடு கதைக்கவில்லை. மணிக்கூட்டையும் பார்க்கவில்லை. அந்த முக்கால் மணித்தியாலம் எனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்ததென்று நினைத்தால், மனிதர் சரியான பெயரைத்தான் வைத்திருக்கிறார்.

ஆனால் எனக்கு அசையக் காரணம் இருந்தது. அடுத்த ஜனவரியில் என் மகள் முதலாம் ஆண்டுக்குப் போகத் தொடங்கினாள். நான் வெளிக்கிடும்போது அவள் நித்திரை. அவளுக்குத் தலைபின்னி, கையைப் பிடித்துப் பாடசாலைக்குக் கூட்டிப்போக எனக்கு ஆசை. டவுனுக்கு இடமாற்றம் கேட்டுப் படிவம் நிரப்பி அதிபரிடம் நீட்டினேன். அவர் வரவுப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

"இந்த மாசம் முடியுற வரைக்கும் ஒரு சிவப்புக் கோடும் விழாம வாங்க டீச்சர். கையெழுத்து வைக்கிறேன். ஒண்டு விழுந்தாலும் அடுத்த வருசம் பாப்பம்."

அன்று பின்னேரமே வேனில் ஏறாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நானாவுக்குச் சட்டம் போட்டேன். குருவியை நம்பக்கூடாது. எதற்கும் நிப்பாட்டக்கூடாது. மீறினால் வேற வேன். நானா என்னைப் பார்த்தார். பிறகு தூரக்கண்ணாடியைக் கழற்றி, டாஷ்போர்ட்டுக்குள் வைத்துப் பூட்டினார்.

"புள்ளட விசயம். வல்லாஹி நிப்பாட்ட மாட்டேன் டீச்சர்" என்று அல்லாஹ்மேல் சத்தியம் பண்ணினார்.

சொன்னபடி செய்தார், அவருடைய பாணியில். போனில் அலாரம் வைத்தார். அலாரச் சத்தமாக எதைப் பதிந்து வைத்தாரென்று சொல்லத் தேவையில்லை. விடிய ஐந்தரைக்குப் போனுக்குள்ளிருந்து ஆறுமணிக் குருவி கத்தும். மாமரத்தடியில் நித்திரையாக இருக்கிற அசல் குருவி, தன் இடத்துக்கு வேறு குருவி வந்துவிட்டதென்று ஆத்திரத்தில் பதிலுக்குக் கத்தும். ஒழுங்கை முழுக்க எழும்பிவிடும். அயலவர்கள் ஏசினார்கள். "பாவம், குருவிய ஏமாத்துறேன்" என்று நானா ஒவ்வொரு நாளும் மனம் வருந்தினார். ஆனால் நாங்கள் ஒவ்வொரு நாளும் ஏழு இருபதுக்கே கையெழுத்து வைத்தோம்.

அப்படியே மாதத்தின் கடைசி நாள் வந்தது. பாலாவி உப்பளம் வந்தபோது வேனுக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தோம். தூரத்துப் பாத்தியில் தண்ணீருக்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு கூட்டம். நீண்ட கால்கள், வளைந்த கழுத்துகள். பூநாரைகள்!

நானா இந்தப் பறவைகளைப் பற்றிக் கதைக்காத நாளில்லை. அவர் மன்னார்க்காரர். தொண்ணூறில், யுத்தத்தில் வடக்கு முஸ்லிம்கள் எல்லோரும் ஊரைவிட்டு வெளியேற வேண்டி வந்தபோது, பதினொரு வயதில் கற்பிட்டிக் கரையில் வந்து இறங்கியவர். மன்னாரில் பூநாரை பார்த்து வளர்ந்த மனிதர், புத்தளத்துக்கு அதுகள் வருமா வருமா என்றுதான் அத்தனை வருடமாகப் பாலாவியில் பிரேக் போட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது அதுகள் வந்து நிற்கின்றன. நானா திரும்பவில்லை. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ரோட்டைப் பார்த்து ஓட்டினார். கழுத்து நரம்பு புடைத்து நின்றது.

எனக்குத் தாங்கவில்லை. "நானா, ரெண்டு நிமிசம் நிப்பாட்டுங்க."

"ஏலா டீச்சர்."

"நான்தானே சொல்றேன், நிப்பாட்டுங்க!"

"வல்லாஹி எண்டு சொல்லிட்டேன். கதைக்காம வாங்க."

உப்பளம் முடிந்தது. ரோட்டைப் பார்த்து ஓட்டிப் பழக்கமில்லாத மனிதர், ஒவ்வொரு குழியையும் பார்த்துப் பார்த்து அதற்குள்ளேயே இறக்கினார். மாம்புரியில் ஒரு கோழி குறுக்கே வந்தது. நானா அதை நன்றாகப் பார்த்தார். பார்த்துக்கொண்டே போய் இடித்தார்.

வீட்டுக்காரப் பெண் ஓடிவந்து, ரோட்டில் கிடந்த கோழிக்குப் பக்கத்தில் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "என்ட கோழி! முட்டையிடுற கோழி!" நானா கீழே இறங்கி விறைத்துப்போய் நின்றார். "சேர், நீங்க சயன்ஸ் தானே, உசிர் ஈக்கா பாருங்க" என்றார் ஹிதாயா டீச்சர். சயன்ஸ் சேர் குனிந்து, கோழியின் காலைப் பிடித்து நாடி பார்த்தார். இன்னொரு காலையும் பார்த்தார். மூன்றாவது தடவை பார்க்கப் போனபோது கோழி கண்ணைத் திறந்து, அவருடைய விரலில் ஒரு கொத்துக் கொத்திவிட்டு வேலிக்குள் ஓடியது. இதற்குள் பத்து நிமிடம் போய்விட்டது.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது சிவப்பு மை இன்னும் காயவில்லை. காரணம் எழுதுகிற இடத்தில் சயன்ஸ் சேர் 'கோழி' என்று எழுதினார். ஹிதாயா டீச்சர் 'மேற்படி' என்று எழுதினார். நான் பேனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். 'வாகனக் கோளாறு' என்று எழுத அன்று எனக்கு மனம் வரவில்லை. 'சாரதி வீதியைப் பார்த்து ஓட்டியமை' என்று எழுதினேன்.

அதிபர் அதை இரண்டு தரம் வாசித்தார். நான் நக்கல் பண்ணுவதாக நினைத்தார். என் படிவத்தைக் கையெழுத்தில்லாமல் திருப்பித் தந்தார்.

அழுகை வந்தது, அடக்கினேன். ஆனால் ஒரு விசித்திரம் சொல்லட்டுமா? அன்று முழுக்க என்னை அரித்தது படிவம் மட்டும் இல்லை. அதுகள் போயிருக்குமோ, இன்னும் நிற்குமோ என்ற நினைப்பு. கரும்பலகையில் ஒரு சின்னக் கழித்தலை இரண்டு தரம் பிழையாகச் செய்தேன். இடைவேளையில் ஹிதாயா டீச்சர் வந்து, "காத்து அடிக்குதே, பறந்திருக்குமோ?" என்று கேட்டார். பாடசாலை விட்டதும் வேனுக்கு ஓடினேன்.

நானாவுக்குச் செய்தி முந்திப் போயிருந்தது. தலையைக் குனிந்தபடி, "என்னால டீச்சர்ட ட்ரான்ஸ்பர்..." என்று தொடங்கினார்.

"வாய மூடிட்டுச் சுருக்கா ஓட்டுங்க நானா. பாலாவில நிப்பாட்டணும்."

அதுகள் நின்றன. ஆறு பேரும் இறங்கினோம். நானா மட்டும் இறங்காமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருந்தார். "நீங்க பாருங்க. எனக்கென்ன மூஞ்சி ஈக்கி பாக்க?"

"இறங்குறீங்களா, வேற வேன் பிடிக்கவா?"

இறங்கினார். ஆனால் உடனே வரம்புக்குப் போகவில்லை. சட்டையின் மேல் பொத்தானைப் பூட்டினார். பையிலிருந்து தொப்பியை எடுத்து உதறித் தலையில் போட்டார். வீட்டுக்கு ஆள் வந்தால் ஒரு மனிதர் எப்படி வாசலுக்கு வருவாரோ, அப்படித்தான் வந்தார். தூரக்கண்ணாடியைக்கூட எடுக்கவில்லை.

"மன்னாருக்குப் போயும் பாத்திருக்கேன் டீச்சர். அங்க போனா நான் விருந்தாளி" என்றார். "இங்க வந்தா அதுகள்தான் விருந்தாளி. இப்பத்தான் இது என்ட ஊர் மாதிரி ஈக்கி."

அதற்குப் பிறகு அவரும் சயன்ஸ் சேரும் அவை நாற்பத்தொன்றா முப்பத்தெட்டா என்று அரை மணித்தியாலம் சண்டை பிடித்தார்கள். நான் ஒரு தடவையும் மணிக்கூட்டைப் பார்க்கவில்லை.

அந்த வருடம் முழுக்க மகளின் தலையை மாமிதான் பின்னிவிட்டார். அது எனக்கு இன்றும் வலிக்கிறது, பொய் சொல்லமாட்டேன். ஒவ்வொரு நாளும் பின்னேரம் நானா என்னை வாசலில் இறக்கும்போது, ஓடிவருகிற மகளிடம், "இன்டைக்கி உம்மா வரம்புல மூணு தரம் வாலாட்டினாங்க மகள்" என்று அறிக்கை கொடுப்பார். அவள் விழுந்து விழுந்து சிரிப்பாள். சிவப்புக் கோடுகளும் வழக்கம்போல் விழுந்தன. அடுத்த வருடம், எங்கள் அதிபர் ஓய்வுபெற்றுப் புதியவர் வந்து, ஒன்றையும் புரட்டிப் பார்க்காமல் என் படிவத்தில் கையெழுத்து வைத்தார்.

இப்போது பாடசாலை எனக்கு நடந்துபோகிற தூரம். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு போகிறேன். இருந்தும் ஆறுமணிக் குருவி கத்தினால் என் கை தானாகப் பையைத் தேடும். போன ஒக்டோபரில் ஹிதாயா டீச்சரைப் பஸாரில் கண்டேன். வேனில் என் இடத்துக்கு வேறொரு டீச்சர் வந்து இரண்டு வருடமாகிவிட்டது, நானா எப்படி என்று கேட்டேன்.

"அந்த மனிசனா? அதே கூத்துத்தான்" என்றார். "ஆனா இப்ப மணிக்கூட்டு டீச்சர் எண்டு சொல்றல்ல. இந்த முற அந்த வாலாட்டுற உள்ளான் முதல்முதலா வந்த அன்டைக்கி, வேனையே நிப்பாட்டிட்டு எங்களுக்கெல்லாம் காட்டினாரு: 'அந்தா பாருங்க, நம்மட டீச்சர் வந்திட்டாங்க!'"