மஞ்சள் கோட்டுக்கு அந்தப் பக்கம்

"இன்னும் அங்கேயேதான் நிக்குது," என்றாள் வில்மா, ஜன்னல் திரையை விரலால் விலக்கி.

"எது?" என்றான் அவள் கணவன் கிளைட். கையில் பூனைக்கூண்டு இருந்தது. உள்ளே பூனை இல்லை. அதைத்தான் தேடிக்கொண்டிருந்தான்.

"தீயணைப்பு வண்டி. எதிர் வீட்டு வார்த்தான் வாசல்ல."

மன்சானிட்டா சாலையின் நடுவில் ஓடும் மஞ்சள் கோடுதான் எல்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம், வில்மாவின் வரிசை, நகராட்சியைச் சேர்ந்தது. அந்தப் பக்கம் மாவட்டம். மற்ற நாட்களில் குப்பை வண்டிகள் வேறு வேறு கிழமையில் வருவதைத் தவிர இதனால் பெரிய தொல்லை கிடையாது. இன்று வில்மா வீட்டுக்குப் பின்னால் இருந்த பள்ளத்தாக்கில் காடு எரிந்துகொண்டிருந்தது. மாவட்டம் தன் வரிசை வீடுகளை உடனே காலி செய்யச் சொல்லிவிட்டது. நகராட்சியோ, 'தயாராக இருங்கள்' என்று கைபேசிக்கு ஒரு செய்தி அனுப்பியதோடு சரி.

"நெருப்பு நம்ம கொல்லைப் பக்கம். கிளம்பச் சொல்றது அவங்களை. இதுல ஏதோ இருக்கு கிளைட்."

"ஒண்ணும் இல்ல. ரெண்டு ஆபீஸ், ரெண்டு மூளை. அவ்வளவுதான்."

வில்மா அப்படியெல்லாம் சமாதானம் ஆகிறவள் இல்லை. ஓட்டுநர் உரிமத்துக்கு வருகிறவர்களைப் பக்கத்தில் உட்கார்ந்து சோதிக்கும் வேலையில் இருந்து ஓய்வு பெற்றவள். 'கண்ணாடியைப் பாத்துட்டுத்தான் திருப்பினேன்' என்று சொன்ன ஒருவரையும் அவள் நம்பியதில்லை.

எதிர் வீட்டுக் கதவு திறந்தது. மனைவியையும் நாயையும் மைத்துனர் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தான் மட்டும் தங்கியிருந்த வார்த்தான், ஒரு தட்டு நிறைய பாலாடைக்கட்டி ரொட்டியும் காபியும் கொண்டுவந்து வண்டிக்காரர்களுக்குக் கொடுத்தான். அவர்களுடைய கேப்டனிடம் ஏதோ சொல்லிக்கொண்டே வில்மாவின் வீட்டைக் கைகாட்டினான். கேப்டன் தலையாட்டினார். பிறகு இருவரும் அவள் கூரையையே பார்த்தார்கள்.

"பாத்தியா! 'அந்த வீடு போனா போகட்டும்'னு சொல்றான். அவன் நாய் மேல நான் புகார் கொடுத்தேன்ல, அந்தக் கோவம்."

"அந்தப் புகாரை யாரு எடுத்துக்கிட்டாங்க? நாய் கோட்டு மேலயே படுத்துருக்குன்னு ரெண்டு ஆபீஸும் கையை விரிச்சுட்டாங்களே."

வில்மா நகராட்சிக்குப் போன் போட்டாள்.

"எங்க தெருவுக்கு ஒரு வண்டி அனுப்புங்க."

"உங்க தெருவுல ஏற்கெனவே ஒரு வண்டி இருக்கே மேடம்," என்றாள் ஒரு பெண்.

"அது எனக்கில்ல. எதிர்ப்பக்கம் நிக்குது. மாவட்ட வண்டி."

"அப்போ மாவட்டத்துல கேளுங்க."

மாவட்டத்துக்குப் போட்டாள். அங்கே எடுத்த ஆள் எதையோ மென்றுகொண்டிருந்தான்.

"நீங்க எந்தப் பக்கம்?"

"நகராட்சிப் பக்கம்."

"அப்போ நீங்க எங்க ஆளே இல்லையே."

"நான் இல்ல, வண்டி உங்களுது. காலைல இருந்து ஒரே ஒரு வீட்டுக்குக் காவல் நிக்குது. ரொட்டி சாப்பிடுது. ஒரு வீட்டுக்கு மட்டும் என்ன தனி கவனிப்பு? யாருக்கு யார் வேண்டியவங்கன்னு நீங்கதான் விசாரிக்கணும்."

மெல்லுவது நின்றது. "ஒரே ஒரு வீட்டுக்கா? சரி, கேக்கறேன்."

வில்மா போனை வைக்கும்போதே கதவு தட்டப்பட்டது. கேப்டன். அவள் கதவுச் சங்கிலியைக் கழற்றாமல் ஒரு சாண் திறந்தாள்.

"மேடம், நீங்க ரெண்டு பேரும் கிளம்பிட்டா எங்களுக்குக் கொஞ்சம் வசதியா இருக்கும்."

"எதுக்கு வசதி?"

"எங்க வேலைக்குத்தான்."

"உங்க வேலை கோட்டுக்கு அந்தப் பக்கம். நான் நகராட்சி. எனக்குத் 'தயாராக இருங்கள்'தான் வந்திருக்கு. நான் தயாரா இருக்கேன்."

கதவைச் சாத்திவிட்டு மறுபடி நகராட்சிக்குப் போன் போட்டாள். "மாவட்டத்து ஆள் வந்து நகராட்சி வீட்டுக்காரியை வெளியே போகச் சொல்றான். இதுக்கு நீங்க சம்மதிக்கிறீங்களா?"

இந்த முறை வேறொரு குரல், அதிகாரியின் குரல், போனில் வந்தது. "எங்க ஊர் ஆளை அவங்க எப்படிப் போகச் சொல்லலாம்? இருங்க, நான் பேசறேன்."

பேசினார் போலிருக்கிறது. சற்று நேரத்தில் எதிரே கேப்டன் வாக்கிடாக்கியில் கத்துவது ஜன்னல் கண்ணாடியைத் தாண்டிக் கேட்டது. வார்த்தான் தலையில் கையை வைத்துக்கொண்டான். வண்டிக்காரர்கள் குழாயைச் சுருட்டினார்கள். வண்டி போய்விட்டது.

"அப்பாடா," என்றாள் வில்மா.

"இதுல நமக்கு என்ன வந்துச்சு?" என்றான் கிளைட்.

"நியாயம் வந்துச்சு. எனக்கு இல்லன்னா அவனுக்கும் இல்ல."

காற்று திரும்பியது அதன் பிறகுதான். பள்ளத்தாக்கில் கிடந்த நெருப்பு செடி செடியாகத் தாவி மேலேறி, கொல்லை வேலியைப் பிடித்தது. மின்சாரம் போனது. கார் கொட்டகையின் தானியங்கிக் கதவு திறக்க மறுத்தது. நகராட்சிப் போன் அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. மாவட்டம் எடுத்தது. "நீங்க எந்தப் பக்கம்?" என்றது. வில்மா போனை வைத்துவிட்டாள். வேலி வெடிக்கும் சத்தத்தில் பூனை தானாக ஓடிவந்து கூண்டுக்குள் ஏறி உட்கார்ந்தது.

"வில்மா! கதவைத் திறங்க!"

வார்த்தான். அவன் வீட்டு நீச்சல் குளத்திலிருந்து டீசல் பம்பு வைத்து, குழாயை மஞ்சள் கோட்டைத் தாண்டி இழுத்து வந்திருந்தான். மூவருமாக நெருப்பை அணைக்க இறங்கினார்கள். கிளைட் ஈரச் சாக்கால் அடித்தான். வில்மா பூவாளி, வாளி, கடைசியில் சூப் பானை வரை தூக்கி வந்தாள். வேலி போனது, செடிக் கொட்டகை போனது, வார்த்தானின் ஒரு புருவம் போனது. வீடு நின்றது.

மூவரும் வாசற்படியில் கரிமுகத்தோடு உட்கார்ந்தார்கள்.

"எவனோ ஒரு கிறுக்கன் போன் பண்ணி வண்டியைத் திருப்பி அனுப்ப வெச்சுட்டானாம்," என்றான் வார்த்தான் இருமிக்கொண்டே. "யாருன்னு மட்டும் தெரியட்டும்."

கிளைட் பூனையைப் பார்த்தான். வில்மா வானத்தைப் பார்த்தாள்.

"அந்த நாய் விஷயத்துல..." என்று ஆரம்பித்தாள்.

"நாயை விடுங்க. மூச்சு வாங்குதா? தண்ணி குடிங்க."

அவளுக்கு இப்படிப்பட்ட மனிதனையா காலையெல்லாம் சந்தேகப்பட்டோம் என்று இருந்தது. அப்போதுதான் அந்த வண்டி திரும்பி வந்து, பழையபடி வார்த்தான் வீட்டு வாசலில், அதே இடத்தில் நின்றது. ரெண்டு ஆபீஸும் ஒருவழியாகப் பேசி முடித்திருந்தன போலும். வில்மாவின் குற்ற உணர்ச்சியெல்லாம் கோபமாகி, விடுவிடுவென்று சாலையைக் கடந்தாள்.

"எல்லாம் முடிஞ்ச பிறகு வர்றீங்களா? அப்பவும் பாரு, நிக்கறது இவர் வாசல்லதான்! காலைல பூரா இங்க நின்னு இவர் வீட்டை மட்டும் காவல் காத்தீங்களே, எதிர்ல ஒரு வீடு இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா?"

வண்டியை ஓட்டிவந்த பெண் குழாயை உருவுவதை நிறுத்தாமல் சொன்னாள்:

"உங்க வீட்டுக் கூரைக்குத் தண்ணி அடிக்கணும்னா எதிர் வீட்டு வாசல்லதானே மேடம் நிக்கணும்?"