பூட்டிவிட்டு மூன்று முறை இழுப்பவர்

பூட்டாளர் என்றோர் இனம் இருக்கிறது. அதற்குச் சங்கமோ கொடியோ கிடையாது. ஆனால் நீங்கள் எந்த அலுவலகத்துக்குள் நுழைந்தாலும் ஒருவராவது உட்கார்ந்திருப்பார். அடையாளம் சொல்கிறேன். உங்கள் மடிக்கணினியின் விலாப்பக்கத்தைத் தடவிப் பாருங்கள். குழந்தைக்குக் காது குத்தின மாதிரி சின்னதாக ஒரு துளை இருக்கும். அது எதற்கு என்று இத்தனை வருஷத்தில் நீங்கள் யோசித்ததே இல்லை, இல்லையா? அப்படியானால் நீங்கள் சாதாரண ஜனம். பூட்டாளர் கடையில் விலை கேட்பதற்கு முன்னால் அந்தத் துளையைத்தான் தேடுவார். எஃகுக் கம்பியின் வளையத்தை மேஜைக் காலில் மாட்டி, மறுமுனையில் இருக்கும் குட்டிப் பூட்டின் மூக்கை அந்தத் துளைக்குள் நுழைத்து, எண் சக்கரங்களைக் கலைத்துவிட்டு, இழுத்துப் பார்ப்பார். முதல் இழுப்பு பூட்டு விழுந்ததா என்று பார்க்க. இரண்டாவது மன நிம்மதிக்கு. மூன்றாவது எதற்கு?

பெங்களூரில் எங்கள் அலுவலகத்துப் பூட்டாளரின் பெயர் ஹெப்பார். குந்தாபுரத்துக்காரர், ஐம்பதைத் தாண்டியவர், வாய்க்கு வாய் அந்தப் பக்கத்து 'ஐயா'வான 'மாராயா' போடுகிறவர். பெண்களிடம் அதுவே 'மாராய்தி' ஆகும். வங்கிகளுக்குக் கணினி நிரல் எழுதும் எங்கள் குழுவில் அவரைவிட மூத்தவரும் கிடையாது, அவரைவிட நல்லவரும் கிடையாது. சாயங்காலம் எதிர்த்த தர்ஷினியில் ஒரு காபியை இரண்டாகப் பிரித்து 'பை-டூ' குடிப்பதற்கு அவருக்கு ஜோடி நான்தான். நின்றுகொண்டே சாப்பிடுகிற கடை அது. நான் டம்ளரைக் கையில் எடுக்கும்போது ஹெப்பார் குனிந்திருப்பார். வட்ட மேஜையின் ஒற்றைக் காலில் கம்பியைச் சுற்றி, கணினியைப் பூட்டி, மூன்று முறை இழுத்து, நிமிர்ந்து தம் பங்குக் காபியைத் தொடும்போது அது பச்சைத் தண்ணீராகியிருக்கும். பக்கத்தில் காராபாத் சாப்பிடுகிறவர்கள் தங்கள் பைகளை இறுக்கி அணைத்துக்கொள்வார்கள். இவர் இவ்வளவு பயப்படுகிறார் என்றால் அக்கம்பக்கத்தில் எவனோ இருக்கிறான் என்றுதானே தோன்றும்?

பூட்டாளருக்குக் கொள்கை உண்டு. நீங்கள் யாரையுமே நம்பமாட்டீர்களா என்று ஒருமுறை கேட்டேன்.

"எல்லாரும் நல்லவங்கதான் மாராயா. அதனாலதான் ஒரே ஒரு பூட்டு போடறேன்" என்றார்.

தீ விபத்து ஒத்திகை நடந்த நாளில் சங்கு ஊதி, நாங்கள் எல்லாரும் படியிறங்கி மரத்தடியில் வரிசையாக நின்று, தலை எண்ணி, ஒரு தலை குறைகிறது என்று மேலே ஓடிப்போய்ப் பார்த்தால் ஹெப்பார் நிதானமாகப் பூட்டிக்கொண்டிருக்கிறார். கருகினாலும் பரவாயில்லை, களவு போகக்கூடாது. இத்தனைக்கும் நான் இங்கே வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எங்கள் தளத்தில் திருடு போன பொருள் ஒன்றே ஒன்றுதான். ஹெப்பாரின் பூட்டு.

இன்னொரு பக்கமும் உண்டு. பேருந்தில் வரும்போது ஏதாவது கோப்பு அவசரமாக வேண்டுமென்றால் எங்களில் யாரையாவது தொலைபேசியில் கூப்பிட்டுத் தன் இயந்திரத்தைத் திறக்கச் சொல்வார். கடவுச்சொல்லை வண்டி இரைச்சலுக்கு மேலே கத்திச் சொல்வார், ஒவ்வோர் எழுத்தாக, இரண்டு தடவை. மனைவி பெயரும் வீட்டுக் கதவு எண்ணும். சில்க் போர்டு நிறுத்தத்தில் இறங்குகிற பாதிப்பேருக்கு அது மனப்பாடம். அதைப் பற்றி அவருக்குக் கவலையே கிடையாது. கையும் காலும் உள்ள திருடன் இருக்கிறான் என்று மட்டும்தான் பூட்டாளர் நம்புவார்.

அவர் தன் சொத்தை மட்டும் பூட்டிக்கொண்டிருந்தால் நான் இதை எழுதியே இருக்கமாட்டேன். பூட்டாளர் மதம் பரப்புகிறவர். மேஜை இழுப்பறையில் உபரிப் பூட்டுகள் வைத்திருப்பார். யாராவது இயந்திரத்தை அப்படியே போட்டுவிட்டுச் சாப்பிடப் போனால், ஓசைப்படாமல் வந்து பூட்டிவிட்டுப் போய்விடுவார். திரும்பி வந்தவர் அவரிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்டால் முதலில் பிரசங்கம், அப்புறம்தான் விடுதலை. எங்கள் குழுவின் கடைக்குட்டி ஸ்பூர்த்தி இப்படி அடிக்கடி மாட்டுவாள். ஒருநாள் அவள் தன் சாப்பாட்டு டப்பாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்து, "இதையும் பூட்டிடுங்க ஹெப்பார் சார், உள்ள அக்கி ரொட்டி இருக்கு" என்றாள். அவர் சிரிக்கவில்லை. டப்பாவில் துளை இருக்கிறதா என்று திருப்பிப் பார்த்தார்.

இப்படியே போய்க்கொண்டிருந்தது, புனேயிலிருந்து கோகலே அம்மாள் வரும்வரை. மிருணாளினி கோகலே அங்கே ஒரு கூட்டுறவு வங்கியின் தலைவி. அந்த வங்கியின் வேலைதான் எங்கள் குழுவுக்குச் சோறு. அடுத்த மூன்று வருஷத்துக்கு அதை எங்களுக்கே தருவதா, வேறு ஆளைப் பார்ப்பதா என்று நேரில் பார்த்து முடிவு செய்ய வந்திருந்தார். வேலை போனால் நாங்கள் எல்லாரும் பெஞ்சு. பெஞ்சு என்றால் தெரியும்தானே? சும்மா உட்கார வைத்துச் சம்பளம் கொடுப்பார்கள், என்றைக்காவது ஒருநாள் கூப்பிட்டுக் கைகுலுக்கி அனுப்பிவிடுவார்கள். ஸ்பூர்த்திக்கு வேறு இடம் கிடைக்கும், எனக்கும் எப்படியோ கிடைக்கும். ஹெப்பார் வயதில் பெஞ்சுக்குப் போனவர் எழுந்து வந்ததாக எங்கள் ஊரில் சரித்திரம் கிடையாது. அது அவருக்கும் தெரியும். அந்த வாரம் முழுக்க பை-டூ காபியை அவர் பாதியிலேயே வைத்துவிட்டார்.

காலையிலிருந்து கோகலே அம்மாள் கேட்டார், கேட்டார், கேட்டுக்கொண்டே இருந்தார். முகத்தில் ஓர் அசைவு இல்லை. எங்கள் மேனேஜர் உமாபதி நெற்றியைத் துடைத்துத் துடைத்துக் கைக்குட்டையே நனைந்துவிட்டது. மதியம் பிசிபேளேபாத்தும், நம் போளியான ஒப்பட்டும் வரவழைத்துப் பரிமாறினோம். ஒப்பட்டின் மேல் நெய் விடும்போதுகூட அந்த அம்மாள் சிரிக்கவில்லை. சாப்பிட்டு முடித்து, விமானத்துக்கு நேரமாகிவிட்டது, போகிற வழியில் ஹெப்பாள் மேம்பால நெரிசலில் மாட்டினால் அவ்வளவுதான், முடிவை ஊருக்குப் போய்ச் சொல்கிறேன் என்றார். கூட்ட அறைக்குத் திரும்பித் தன் மடிக்கணினியை எடுத்தார்.

எடுத்தது பாதி தூரம் வந்து நின்றுவிட்டது.

நான் உமாபதியைப் பார்த்தேன். உமாபதி கம்பியைப் பார்த்தார். கம்பி கணினியிலிருந்து கிளம்பி, மேஜை விளிம்பைத் தாண்டி, கீழே காலில் போய் முடிந்திருந்தது. கேள்வி கேட்கவே அவசியமில்லை. அதற்குள் ஹெப்பாரே பரிசு வாங்க வருகிறவர் மாதிரி உள்ளே வந்துவிட்டார். விருந்தாளியின் பொருள் நம் வீட்டில் காணாமல் போனால் யாருக்கு அவமானம் என்று நினைத்துத் தாமே பூட்டியதாகச் சொன்னார். சொல்லிவிட்டு உட்கார்ந்து சக்கரங்களைத் திருப்பினார். பூட்டு வாயைத் திறக்கவில்லை.

பூட்டாளர்கள் மாதம் பிறந்ததும் எண்ணை மாற்றுவார்கள். அன்று ஒன்றாம் தேதி. காலையில் புது எண் வைத்திருக்கிறார். கோகலே அம்மாள் வந்த பதற்றத்தில் அது தலையிலிருந்து சுத்தமாக அழிந்துவிட்டது. யாரும் ஊகிக்க முடியாத எண் வைப்பதில் அவர் கெட்டிக்காரர். அவராலேயே ஊகிக்க முடியவில்லை. அந்த நிலைமையிலும் அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"எல்லாரும் கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்குங்க."

நானும் ஸ்பூர்த்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். உமாபதி பல்லைக் கடித்தார். ஒழுங்காகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றவர் ஒரே ஒருவர்தான், கோகலே அம்மாள். கண்ணையும் மூடிக்கொண்டார். நான் அப்போதே சுதாரித்திருக்க வேண்டும்.

கல்யாண நாள், கதவு எண், அந்த எண்ணைத் தலைகீழாக, மகளின் பிறந்த வருஷம், அதையும் தலைகீழாக. ஒன்றும் நடக்கவில்லை. கம்பி வெட்டுகிற கருவி வைத்திருக்கும் ஆள் ஒயிட்ஃபீல்டு கிளைக்குப் போயிருந்தான். கீழேயிருந்து டாக்சிக்காரர் மறுபடி மறுபடி கூப்பிட்டார். ஹெப்பார் சக்கரத்தை விடவில்லை. என் பக்கம் நிமிராமலே, எனக்கு மட்டும் கேட்கிற குரலில் சொன்னார்:

"பன்னெண்டு பேர் சோத்துல மண்ணைப் போட்டுட்டேன் மாராயா."

இத்தனை நாள் இந்த மனிதரைக் கேலி செய்ததெல்லாம் ஒரே நிமிஷத்தில் கசந்துவிட்டது.

கோகலே அம்மாள் திரும்பினார். கொசுவத்தைத் தூக்கிச் சொருகிக்கொண்டு குனிந்து மேஜைக்கு அடியில் பார்த்தார். நிமிர்ந்து, ரெண்டு பேர் இந்த மூலையைக் கொஞ்சம் தூக்குங்கள் என்றார். நானும் உமாபதியும் தூக்கினோம். மேஜைக் கால் தரையை விட்டு நாலு விரல் எழுந்தது. அவர் வளையத்தைக் காலிலிருந்து கீழ்வழியாக உருவி எடுத்தார். முடிந்தது.

ஹெப்பார் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். இத்தனை வருஷம், இத்தனை பூட்டு, இத்தனை இழுப்பு! கையை வைத்துத் தூக்கினால் கழன்று வருகிற காலில்!

"எங்க பேங்க்ல கவுன்ட்டர் பேனாவை எல்லாம் சணல் கயிறு போட்டுத்தான் கட்டி வெச்சிருக்கோம்" என்றார் கோகலே அம்மாள். "எப்படி எப்படியெல்லாம் உருவிக்கிட்டுப் போறாங்கன்னு வேலைக்குச் சேர்ந்த நாள்லேர்ந்து பார்க்கறேன். நீங்க பூட்டினது தப்பில்ல. பூட்டின இடம்தான் தப்பு."

பிறகு உமாபதியிடம், இவர் எங்கள் வேலையில் இருக்கிறாரா என்று கேட்டார். உமாபதி முந்திக்கொண்டார். ஆமாம் மேடம், ஆனால் இன்றைக்கே அவரை மாற்றிவிடுகிறோம், மன்னிக்க வேண்டும் என்று குழறினார்.

"அவரை மாத்தினா நான் கம்பெனியை மாத்திடுவேன்" என்றார் அந்த அம்மாள். அன்றைக்கு அவர் சிரித்ததை அப்போதுதான் பார்த்தேன். "என் பணத்துக்கு இப்படிப் பயப்படற ஒரு ஆள் வேணும்னுதான் ஊர் ஊரா அலையறேன்."

கம்பியும் பூட்டும் வாலாகத் தொங்க, கணினியைப் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினார். விமான நிலையச் சோதனையில் அந்த வாலுக்கு என்ன விளக்கம் சொன்னாரோ, அவருக்கே வெளிச்சம். மின்தூக்கியின் கதவு மூடும்போது ஹெப்பார் ஓடிப்போய், பூட்டைத் திருப்பி அனுப்பிவிடுவீர்களா என்று கேட்டார். அடுத்த வாரம் கூரியரில் வந்தது, திறந்த நிலையில். எண் என்ன என்று அந்த அம்மாள் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. பூட்டாளர்களுக்குள் அது நாகரிகம் இல்லை.

மூன்று வருஷ வேலை வந்தது. கூடவே ஒரு நிபந்தனையும் வந்தது: இந்த வங்கிக்கு வேலை செய்கிற அத்தனை பேரும் இயந்திரத்தைப் பூட்டித்தான் வைக்க வேண்டும். தரையோடு திருகி இறுக்குகிற மேஜைகள் வந்து இறங்கின. ஹெப்பார் ஒவ்வொரு காலையும் தூக்கிப் பார்த்துத் தூக்க முடியவில்லை என்று உறுதி செய்த பிறகே எங்களை உட்கார விட்டார். இப்போது மதியச் சாப்பாட்டுக்கு எழுந்தால் தளம் முழுக்கச் சக்கரம் திருகும் சத்தம். அக்கி ரொட்டிக்காரி ஸ்பூர்த்தி நாலு முறை இழுக்கிறாள். தர்ஷினியில் ஹெப்பாரும் நானும் வட்ட மேஜைக்கு அடியில் ஒன்றாகக் குனிந்து, தலை முட்டிக்கொண்டு, பிறகு ஆறிப்போன காபியை ஆளுக்குப் பாதி குடிக்கிறோம். மூன்றாவது இழுப்பு எதற்கு என்று கேட்டேனே, அதற்கும் பதில் கிடைத்துவிட்டது. இரண்டாவது இழுப்பில் பூட்டு திறந்துகொண்டிருந்தால்?

சரி, இவ்வளவு நேரம் சிரித்தீர்கள். இன்று காலையில் வீட்டைப் பூட்டிவிட்டுக் கிளம்பினீர்களே, பூட்டை இழுத்துப் பார்த்தீர்களா? எத்தனை முறை? தெருமுனை வரை போய், செருப்பு தேயத் திரும்பி வந்து இழுத்ததும் கணக்கில் சேர்த்திதான். இதைப் படிக்கிற இந்த நிமிஷத்தில் சட்டைப் பைக்கு, கைப்பைக்கு, இடுப்புக்கு என்று ஒரு கை தன்னால் போய்ச் சாவியைத் தொட்டுப் பார்த்ததே, அது யாருடைய கை? வெட்கப்படாதீர்கள். உங்கள் பூட்டு நல்ல பூட்டுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அதை எதில் மாட்டியிருக்கிறீர்கள் என்று மட்டும் சாயங்காலம் போய் ஒரு தடவை குனிந்து பாருங்கள்.