இடது பக்கம் திரும்பும் நடைவண்டி

ஸ்ரீரங்கம்,
திங்கட்கிழமை காலை.

லால்குடி சம்பந்தியம்மா ஆனந்தவள்ளி அவர்களுக்கு, ஸ்ரீரங்கத்திலிருந்து பவுனம்மாள் எழுதிக்கொண்டது. இங்கே நான், என் மகன் ஜெயக்குமார், உங்கள் மகள் ராசாத்தி, பேரன் முகிலன், வாசல்பக்கத்து ஷெட்டில் இருக்கும் ரூட்டர் மிஷின் உட்பட எல்லோரும் சுகம். அங்கே நீங்களும், சம்பந்தி அடைக்கலம் அவர்களும், அவருடைய முழங்காலும், சினையாக இருக்கிற மாடும் சுகமாக இருக்க ரெங்கநாதர் அருள வேண்டும். போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். போனில் என்றால் நடுநடுவே நீங்களும் பேசுவீர்கள். நான் படித்தது நாலாம் வகுப்பு. எழுத்து கோணலாகத்தான் இருக்கும். விஷயம் கோணல் இல்லை.

விஷயம் என்னவென்றால், நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்தே காலுக்கு நம் பேரன் நடந்துவிட்டான். எங்கள் வீட்டு ஹாலில். நான் என் கையால் செய்த நடைவண்டியைப் பிடித்துக்கொண்டு. பதினோரு அடி. பதினோராவது அடியில் உட்கார்ந்துவிட்டான், ஆனால் அதுவும் அடிதான், ராசாத்தியைக் கேட்டுக்கொள்ளுங்கள். மத்தியானத்துக்குள் கொழுக்கட்டை அவித்துத் தெரு முழுக்கக் கொடுத்தாகிவிட்டது. எனக்கு நேற்றிலிருந்து தலைகால் புரியவில்லை. காப்பிக்கு உப்புப் போட்டுக் குடித்துவிட்டு நன்றாயிருக்கிறது என்று சொன்னேனாம்.

பிள்ளை எதை எந்த வீட்டில் முதலில் செய்கிறானோ அந்த வீட்டுப் பாட்டிதான் கொழுக்கட்டை அவிக்க வேண்டும் என்பது உங்கள் பக்கமும் எங்கள் பக்கமும் உள்ள வழக்கம். குப்புற விழுந்தது லால்குடியில். தவழ்ந்தது லால்குடியில். முதல் பல் லால்குடியில். பிரசவத்துக்கு வந்த பெண்ணை ஊரில் எல்லோரும் அஞ்சாம் மாதம் அனுப்பி வைக்கிறார்கள், நீங்கள் ஒன்பது மாதம் வைத்துக்கொண்டீர்கள், ஒவ்வொரு தடவையும் எனக்குத் தூக்குவாளியில் கொழுக்கட்டை வந்தது, குப்புற விழுந்ததற்குப் பதினாலு, தவழ்ந்ததற்குப் பன்னிரண்டு, பல்லுக்கு ஒன்பது, அதுவும் பஸ்ஸில் வந்து ஆறிப்போய். எல்லாவற்றையும் எண்ணி வைத்துக்கொண்டேன். நடையாவது என் வீட்டில் நடக்கட்டும் என்றுதான் சமயபுரத்துக் கடையில் ஒரு நடைவண்டி வாங்கி உங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன், ராசாத்தி திரும்பி வரும்போது கூடவே எடுத்து வரட்டும் என்று. அது உங்கள் வீட்டு முற்றத்தில் சக்கரம் கழன்று படுத்தது. அப்போது நீங்கள் உங்கள் ஓரகத்தி, மளிகைக்கடைக்காரர் சம்சாரம், பால்காரர் எல்லோரும் இருக்கும்போது என்ன சொன்னீர்கள்? "சம்பந்தி வீட்டு வண்டி, புள்ளை நடக்கிறதுக்கு முந்தியே ஓய்வு எடுத்துக்கிச்சு" என்றீர்கள். பால்காரர் சிரித்தார். அவர் அன்று நீலச் சட்டை போட்டிருந்தார். எனக்கு எதுவும் மறக்காது என்பது உங்களுக்குத் தெரியும்.

அன்றைக்கே முடிவு செய்தேன், இனிக் கடை வண்டி கிடையாது, என் கையால் செய்வேன் என்று. எங்கள் வாசல்பக்கத்து ஷெட்டை வாடகைக்கு எடுத்திருக்கிற அப்துல் மாலிக்கை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள், வீடுகளுக்கு அடுப்படி அலமாரி செய்து கொடுக்கிற தம்பி. அவரிடம் மரம் குடைகிற ரூட்டர் மிஷின் ஒன்று இருக்கிறது. இடியாப்பம் பிழிகிற உரல் மாதிரி இரண்டு பக்கமும் கைப்பிடி. அமுக்கினால் பிட் என்கிற சுற்றும் அலகு மரத்துக்குள் இறங்கும், கையைத் தளர்த்தினால் ஸ்பிரிங்கில் மேலே வந்துவிடும். நாலு மாதமாகக் காய்கறி நறுக்கும் சாக்கில் நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராசாத்தி ஊர்த் திருவிழாவுக்கென்று பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பத்து நாள் லால்குடிக்கு வந்தாளே, அந்தப் பத்து நாளில் செய்து முடித்துவிடுவது என்று மாலிக்கிடம் போய்க் கேட்டேன்.

"நானே செஞ்சு தரேன் பெரியம்மா, நீங்க உக்காருங்க" என்றார்.

"நீ செஞ்சா அது கடை வண்டிதான். நான் செய்யணும்."

"அறுபத்தெட்டு வயசுல ரூட்டரா?"

"அறுபத்தேழு. ஆடி வந்தாத்தான் அறுபத்தெட்டு."

முந்தானையை இழுத்துச் செருகச் சொன்னார், கண்ணாடி மாட்டினார், மூக்குக்குத் துணி கட்டினார், வளையலைக் கழற்றச் சொன்னார். ஜெயக்குமார் ஆபீஸிலிருந்து வந்து பார்த்துவிட்டு, யாரோ திருடன் என்று கத்தினான்.

வண்டியின் இரண்டு பக்கத்துக்கும் இரண்டு கிளி. முதலில் மெல்லிய பிளைவுட்டில் ஒரே ஒரு கிளி வெட்டிக்கொள்ள வேண்டும், அதற்கு டெம்ப்ளேட் என்று பெயர். அதைப் பலகைமேல் ஒட்டிவிட்டால், பிட்டின் தலையில் இருக்கிற பேரிங் என்கிற சின்ன உருளை அந்தக் கிளியின் ஓரத்தைத் தொட்டுக்கொண்டே போகும், பிட் பலகையை அதே மாதிரி வெட்டும். எத்தனை கிளி வேண்டுமானாலும் ஒரே அச்சு. நான் வரைந்து, வெட்டி, தேய்த்து வைத்த டெம்ப்ளேட்டின் மூக்கில் பசை ஒரு சொட்டுக் காய்ந்திருந்திருக்கிறது, நான் கவனிக்கவில்லை. வெட்டி எடுத்தால் இரண்டு கிளிக்கும் மூக்கில் மரு. ஒரே இடத்தில், ஒரே அளவில்.

"டெம்ப்ளேட்டுல என்ன இருக்கோ அதைத்தான் பெரியம்மா பேரிங் புடிக்கும். ஒரு தடவை தப்பு உக்காந்துட்டா, நூறு கிளி வெட்டினாலும் நூறுலயும் வரும். மறக்கவே மறக்காது" என்றார் மாலிக்.

"நல்ல குணம்தானே" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். மருவை நான் எடுக்கவில்லை. தூரத்திலிருந்து பார்த்தால் கிளி எதையோ கொறிப்பது போல் அழகாகத்தான் இருக்கிறது.

அடுத்தது சக்கரம், அங்கேதான் உங்கள் கை இதில் பட்டது. வட்டம் வெட்டுவதற்கு மாலிக் ஒரு ஜிக் வைத்திருக்கிறார், வேறொன்றும் இல்லை, முழ நீளத்துக்கு ஒரு பிளைவுட் பட்டை. ஒரு முனையை மிஷினின் அடியில் திருகிவிட வேண்டும், மறுமுனையில் ஆணி அடித்துப் பலகையில் குத்த வேண்டும், ஆணியைச் சுற்றி மிஷினைச் செக்கு மாடு மாதிரி நடத்தினால் வட்டமாக வெட்டும். ஒரே அமுக்காக அமுக்கக்கூடாது, ஒவ்வொரு சுற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சமாக இறக்க வேண்டும். நான் விளக்குமாற்றுக் குச்சி ஒன்றை மூன்று அங்குலத்துக்கு ஒடித்து வைத்துக்கொண்டு, ஆணியிலிருந்து பிட்டின் உள் ஓரம் வரைக்கும் அளந்து முதல் சக்கரத்தை வெட்டினேன். நிலா மாதிரி வந்தது. அதற்குள் மாலிக்குக்குத் தில்லைநகரில் வேலை, ஜிக்கைக் கழற்றி வைத்துவிட்டு மிஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சாயங்காலம் திரும்பி வந்ததும் நான் மறுபடி ஜிக்கை மாட்டி, குச்சியைக் கையில் எடுக்கிறேன், உங்கள் போன் வருகிறது.

"சம்பந்தி, வண்டி முடிஞ்சிருச்சுங்களா?" என்று கேட்டீர்கள்.

அந்த வாரத்தில் அது மூன்றாவது தடவை. செவ்வாய்க்கிழமை ஒன்று, வியாழக்கிழமை ஒன்று, இது சனிக்கிழமை. எப்படா இவள் தோற்பாள் என்று காத்திருக்கிற குரல் எனக்குத் தெரியாதா? "முடியும், முடியும்" என்று வைத்துவிட்டு, ரத்தம் கொதிக்கக் குச்சியை வைத்து அளந்தேன். இந்தத் தடவை ஆணியிலிருந்து பிட்டின் வெளி ஓரம் வரைக்கும் அளந்துவிட்டேன். பிட்டின் கனம் அரை அங்குலம். அந்த அரை அங்குலமும் சக்கரத்திலிருந்து போயிற்று. கோபத்தில் ஒரே அமுக்காக வேறு அமுக்கினேன், மிஷின் அலறியது, புகை வந்தது, மாலிக் "பெரியம்மா, கையை விடுங்க, கையை விடுங்க" என்று ஓடிவந்தார். நான் விடவில்லை. பலகை முழுசாக வெட்டுப்பட்டு, அதற்குக் கீழே இருந்ததிலும் இறங்கிவிட்டது. கீழே இருந்தது எது என்று நீங்கள் கேட்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன், நீங்கள் சீராகக் கொடுத்த தேக்கு டைனிங் டேபிள். ஷெட்டில் இடம் பத்தவில்லை என்று அதை வெளியே இழுத்துப் போட்டிருந்தோம். இப்போது அதில் அச்சு அசலாக ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. சாம்பார்ச் சட்டியை அதில் வைத்தால் நகருவதே இல்லை. குறை சொல்லவில்லை, சொல்கிறேன்.

இரண்டு சக்கரத்தையும் ஒரே இரும்புக் கம்பியில் இறுக்கி, முன்னால் சின்னச் சக்கரம் ஒன்றைப் போட்டு, சிவப்பும் பச்சையும் பெயின்ட் அடித்துத் தள்ளிப் பார்த்தோம். வண்டி நேராகப் போகாமல் இடது பக்கம் திரும்பியது. மறுபடி தள்ளினேன், மறுபடி இடது பக்கம். மாலிக் தரையில் உட்கார்ந்து இரண்டு சக்கரத்தையும் அளந்து பார்த்தார்.

"ஒண்ணு சின்னது பெரியம்மா. புதுசா ஒண்ணு வெட்டிரலாம், பத்து நிமிஷ வேலை."

"அது நான் வெட்டினது, இருக்கட்டும்" என்றேன்.

இதற்கிடையில் புதன்கிழமை நான் பேரனைப் பார்க்க லால்குடிக்கு வந்திருந்தேன் அல்லவா? காலையிலிருந்து சாயங்காலம் பஸ் ஏறும்வரை அவனை ஒரு நிமிஷம் நீங்கள் கீழே விடவில்லை. இடுப்பிலேயே வைத்திருந்தீர்கள். சாப்பிடும்போது உங்கள் மடி, நீங்கள் கைகழுவப் போனால் உங்கள் வீட்டுக்காரர் தோள், அவருக்கு முழங்கால் வலி வந்தால் ராசாத்தி இடுப்பு. பிள்ளை இறங்கணும் என்று காலை உதறி உதறிக் கத்தியது. "கொஞ்சம் கீழ விடுங்களேன்" என்றதற்கு, "தரை ஜில்லுன்னு இருக்கு சம்பந்தி" என்றீர்கள். சித்திரை மாதத்தில். அப்பாயியிடம் பிள்ளை தவழ்ந்துகூட வந்துவிடக்கூடாது என்று நினைத்தீர்களே, அதையும் எழுதி வைத்துக்கொண்டேன், மனசில்.

போகட்டும். நேற்று காலை ராசாத்தி பிள்ளையோடு வந்து இறங்கியதும் வண்டியை ஹால் நடுவில் வைத்தேன். அவன் கிளியைப் பார்த்தான், மருவைத் தடவினான், எழுந்து பிடித்தான், நடந்தான். வண்டி இடது பக்கம் திரும்பத் திரும்ப அவனும் திரும்பி, டிவியைத் தாண்டி, உங்கள் டேபிளைத் தாண்டி, ஒரு வட்டமாக வந்து என் காலடியில் முட்டி உட்கார்ந்தான். அடுத்த தடவை வண்டியை வாசலைப் பார்க்கத் திருப்பி வைத்தேன், அப்போதும் என்னிடமே வந்தான். நீங்கள் வாங்கி வைத்திருக்கிற, பாட்டுப் பாடுகிற பிளாஸ்டிக் வண்டி நேராகப் போய்ச் சுவரில் முட்டும். என் வண்டி பிள்ளையை அப்பாயியிடம் கொண்டுவந்து சேர்க்கும். ஆகவே வருகிற வெள்ளிக்கிழமை சம்பந்தியையும் கூட்டிக்கொண்டு, நடந்த பிள்ளை காலுக்குப் போடுகிற தண்டையோடு வந்து பார்க்கவும். கொழுக்கட்டை தீர்ந்துவிட்டது, உங்களுக்காக ஒன்பது எடுத்து வைத்திருக்கிறேன். ஆறித்தான் இருக்கும்.

உங்கள் மகள் கல்யாணப் பந்தியில் மாப்பிள்ளையைப் பெற்ற எனக்கு, மூன்றாவது வரிசையில் தூணை ஒட்டிய இலையில், வடை தீர்ந்துவிட்டது என்று சொன்னதையும், பின்கட்டில் ஒரு அன்னக்கூடை வடை இருந்ததையும் இந்த நல்ல நேரத்தில் நான் நினைவுபடுத்த விரும்பவில்லை.

சம்பந்தியின் முழங்கால் நன்றாக மடங்கவும், மாடு நல்லபடியாகக் கன்று ஈனவும், உங்களுக்கு நீண்ட ஆயுசும் அதில் கொஞ்சம் நல்ல ஞாபகமும் கிடைக்கவும் வேண்டிக்கொள்ளும்,

பவுனம்மாள்.

பின்குறிப்பு: கடிதத்தைக் கவரில் போடும்போது ராசாத்தி வந்து, "அத்தை, இதை அனுப்பாதீங்க" என்றாள். ஏன் என்று கேட்டதற்கு அழுதாள், அப்புறம் செல்போனில் ஒரு வீடியோப் படம் காட்டினாள். உங்கள் வீட்டு முற்றம். முகிலன் உங்கள் மடியிலிருந்து எழுந்து, வண்டியும் இல்லாமல், கையையும் பிடிக்காமல், வாசற்படி வரைக்கும் நேராக நடக்கிறான். நான் எண்ணினேன், பத்தொன்பது அடி. தேதி பார்த்தேன், நான் சக்கரம் வெட்டுவதற்கு அஞ்சு நாள் முந்தி. படத்தில் உங்கள் மூஞ்சி தெரியவில்லை, குரல் மட்டும் கேட்கிறது: "ஏய் ராசாத்தி, இதை ஒருத்தருக்கும் காட்டிராதே. உங்க அத்தை அங்க மிஷினைப் புடிச்சுக்கிட்டு ராப்பகலா வண்டி செய்யறாங்களாம். அவங்க வீட்டுலயே நடந்ததா இருக்கட்டும். அதுவரைக்கும் இவனைக் கீழ விடாம பாத்துக்குவோம்."

அதனால்தான் இடுப்பில் வைத்திருந்தீர்களா? அதனால்தான் மூன்று தடவை போன் செய்தீர்களா, இதற்கு மேல் பிடித்து வைக்க முடியவில்லை என்று? கொழுக்கட்டைகூட அவிக்கவில்லையாமே. எனக்கு ஒரு வாய்ச் சொல் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டீர்களே, இதையும் நான் மறக்க மாட்டேன்.

மேலே எழுதியது எல்லாம் ரத்து. நாலு பக்கம் கஷ்டப்பட்டு எழுதியதைக் கிழிக்க மனசு வரவில்லை, அதனால் அனுப்புகிறேன், படிக்க வேண்டாம். இந்தக் கடிதத்தோடு ஜெயக்குமார் தூக்குவாளியில் கொழுக்கட்டை கொண்டுவருகிறான், இப்போதுதான் அவித்தது, ஐம்பத்தொன்று, உங்கள் தெருவுக்கு நீங்களே கொடுங்கள், பால்காரருக்கும் சேர்த்து. பஸ்ஸில் வேண்டாம், சூடு ஆறுவதற்குள் பைக்கில் போடா என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை கட்டாயம் வாருங்கள். ஹாலில் வண்டிக்கு இடது பக்கம் உங்களுக்கு நாற்காலி போட்டு வைக்கிறேன். அங்கே உட்கார்ந்தால் அவன் முதலில் உங்களிடம்தான் வருவான், அதற்கப்புறம்தான் சுற்றி என்னிடம்.

வடை விஷயம் மட்டும் ரத்து இல்லை. வரும்போது கொண்டுவந்தால் யோசிக்கலாம். மெதுவடை.